தேடியாச்சு, ஒன்றுமில்லை

ஞாயிற்றுக்கிழமைகளில் கொளஞ்சிநாதன் அடுத்தவர் வீடுகளுக்குப் பணம் தேடப் போவார். கூலிக்கு. கிடைப்பதில் பத்தில் ஒரு பங்கு அவருக்கு. கிடைக்காவிட்டால் ஒரு டீ.

மற்ற ஆறு நாளும் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பொம்மை யூனிட்டில் வேலை. அச்சிலிருந்து ஈரமாக வெளியே வரும் பொம்மையின் விளிம்பைக் கத்தியால் சுரண்டி, பஞ்சால் துடைத்து, சூளைக்கு அனுப்ப வேண்டும். முப்பத்தோரு வருடம் யானைக் காதுகளையும் கிருஷ்ணர் முழங்கைகளையும் சுரண்டினார். அதில் வந்த சம்பளம் வீட்டுக்குச் சரியாக இருந்தது. மகள் கயல்விழியின் இன்ஜினீயரிங் ஃபீஸுக்குச் சரியாக இல்லை.

ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்த வாரத்தில் வழி பிறந்தது. பேங்க் வாசலில் மூன்று நாள் வரிசையில் நின்றபோது, முன்னாலும் பின்னாலும் நின்ற பெண்களின் கையிலிருந்த நோட்டுகளை அவர் முகர்ந்து பார்த்தார். ஒன்றில் பெருங்காய வாசனை. ஒன்றில் பாச்சா உருண்டை. ஒன்றில் கோழித் தீவனம். "இம்மாம் பணம் எங்கடி இருந்துது?" என்று ஒரு கணவர் கேட்டார். "வூட்லதான்" என்றாள் மனைவி. கொளஞ்சிநாதனுக்கு அந்த இடத்திலேயே விஷயம் புரிந்துவிட்டது. பணத்துக்காக ஊரெல்லாம் வெளியே ஓடுகிறது. பணமோ வீட்டில் உட்கார்ந்திருக்கிறது.

ஒரு டார்ச், முனை வளைத்த சைக்கிள் கம்பி, கயிற்றில் கட்டிய ஸ்பீக்கர் காந்தம். கார்பன் வைத்த பில் புத்தகம் ஒன்று. 'தேடியாச்சு' என்று ஒரு ரப்பர் ஸ்டாம்பு. முதல் வீட்டில், ரிட்டையரான கண்டக்டர் ஒருவரின் கட்டிலடியில், இருநூற்றுப் பதினான்கு ரூபாயும் இரண்டு வருடம் முன்பு காணாமல் போன பல் செட்டும் கிடைத்தன. பல் செட்டில் பத்தில் ஒரு பங்கை எப்படி எடுப்பது என்று அரைமணி நேரம் பேச்சு நடந்தது. இரண்டு வாழைப்பழத்தில் முடிந்தது.

நான்காவது வாரம் திருமால் கூப்பிட்டார். திருமாலுக்குப் பஞ்சர் கடை. பஞ்சர் ஒட்டுவதைத் தவிர மற்ற எல்லாத் தொழிலிலும் அவருக்கு நம்பிக்கை இருந்தது. காடை வளர்த்தார். காளான் வளர்த்தார். பிறகு முயல் வளர்த்தார். காளானை முயல் தின்றது. அடுத்த தொழிலுக்கு முதல் தேவைப்பட்டது.

கொளஞ்சிநாதன் சமையலறையில் கடுகு டப்பாவைத் திறந்து கம்பியை விட்டார். கம்பி இரண்டு விரல் ஆழத்தில் நின்றது.

"என்னா இருக்குது?" என்றார் திருமால், வாசற்படியில் நின்றபடி.

திருமாலுக்குப் பின்னால் அவர் மனைவி ராஜம்மாள் கரண்டியுடன் நின்றாள். கரண்டி ஆடியது.

"கடுகு" என்றார் கொளஞ்சிநாதன். மூடியை அழுத்தினார். "நல்ல கடுகு."

ரசீதில் 'ஒன்றுமில்லை' என்று எழுதி ஸ்டாம்பு குத்தினார். மறுநாள் காலையில் யூனிட் கேட்டருகே ராஜம்மாள் டப்பாவோடு வந்து நின்றாள்.

"அண்ணே, இது இனிமே எங்க வூட்ல இருக்க வேணாம். நீங்களே வெச்சிக்குங்க."

"என்னை நம்பியா?"

"கண்டுபுடிச்சிட்டுக் கடுகுன்னு சொன்ன ஆளு. இதுக்கு மேல என்னா சாட்சி வேணும்?"

அவர் யோசித்தார். "சும்மா வெச்சிக்க முடியாதும்மா. மாசம் பத்து ரூபா வாடகை."

இப்படித்தான் அவருடைய இரண்டாவது தொழில் தொடங்கியது. சூளையிலிருந்து நொள்ளையாக வரும் பொம்மைகளை யூனிட்டில் சல்லிசாகக் கொடுப்பார்கள். பீங்கான் பொம்மைக்கு உள்ளே காலி. அடியில் ஓர் ஓட்டை. பணத்தைச் சுருட்டி உள்ளே விட்டு, ஓட்டையை ரப்பரால் அடைத்து, மேலே 'இரண்டாம் தரம்' என்று வட்ட ஸ்டிக்கர் ஒட்டி வீட்டு அலமாரியில் நிறுத்தினார். ராஜம்மாளுக்கு வாயில்லாத போலீஸ்காரர். வர்ணம் தீட்டியவர்கள் வாயை மறந்துவிட்டார்கள். ஒற்றைக் காது யானை இன்னொருத்திக்கு. மூன்று கால் குதிரை மற்றொருத்திக்கு. யாருடையது எது என்று அவர் எங்கும் எழுதவில்லை. எழுதி வைத்தால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது அவருடைய தொழில் அனுபவம். குறைதான் முகவரி.

ஊரில் அவர் தேடி ஒன்றும் கிடைக்காத வீடுகள் பெருகின. கூப்பிடுகிறவர்கள் குறையவில்லை. வீட்டில் எதுவுமில்லை என்பது எழுத்தில் இருந்தது ஆண்களுக்கு ஒரு நிம்மதியைக் கொடுத்தது.

கயல்விழி படித்து முடித்து ஸ்ரீபெரும்புதூரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டில் சேர்ந்தாள். அளவு ஒரு மயிரிழை கூடியதற்காக ஒரு லாரி நிறைய போல்ட்டைத் திருப்பி அனுப்பியவள். போன பொங்கலுக்கு வந்தவள் அப்பாவின் பில் புத்தகத்தைப் புரட்டினாள். தொடர்ந்து நாற்பத்து மூன்று பக்கம் 'ஒன்றுமில்லை'.

"நாப்பத்து மூணு வூட்லயும் ஒண்ணுமே இல்லாம போவுமாப்பா? இது பொய் ரிப்போர்ட்டு."

"தேடினேன்னு எழுதியிருக்கேன். தேடினேன் இல்ல?"

"ஒண்ணுமில்லைன்னும் எழுதியிருக்கீங்க."

"கேட்டவங்களுக்கு ஒண்ணுமில்ல."

"எங்க கம்பெனியில இப்படி எழுதினா அன்னிக்கே வெளிய அனுப்பிடுவாங்க."

அவர் சிரித்தார். பொம்மைகளைப் பற்றிச் சொல்லவில்லை. அது அவருடைய ரகசியமல்லவே. அவள் அன்று மாலையே பஸ் ஏறினாள். பிறகு போனில் அம்மாவிடம் மட்டும் பேசினாள். ஆறாவது வாரம் அவர் யூனிட்டில் ஒரு யானையைக் கையில் வைத்தபடி உட்கார்ந்தார். எழவில்லை. யானைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று முதலாளி வீட்டுக்கு வந்து இரண்டு முறை சொன்னார்.

துக்கம் கேட்க வந்த பெண்கள் அலமாரியைப் பார்த்து அழுதார்கள். நான்காம் நாள் ஒருத்தி, அண்ணன் நினைவாக ஒரு பொம்மை கேட்டாள். ஐந்தாம் நாள் மூன்று பேர் கேட்டார்கள். இத்தனை பேர் அப்பாவை நினைக்கிறார்களே என்று கயல்விழி கேட்டதையெல்லாம் துடைத்துக் கொடுத்தாள். வயதான ஓர் அம்மாளுக்கு, நல்லதாகவே இருக்கட்டும் என்று, குறையே இல்லாத மயிலை எடுத்துக் கொடுத்தாள்.

"இது வேணாங் கண்ணு. அந்த மூணு கால் குதிரை."

"அது நிக்கவே நிக்காது பாட்டி."

"நிக்க வேணாம். வூட்டுக்கு வந்தா போதும்."

தரக் கட்டுப்பாட்டில் இருப்பவளுக்கு இது இடித்தது. நல்ல சரக்கை ஒதுக்கி நொள்ளையைக் கேட்கும் வாடிக்கையாளரை அவள் பார்த்ததில்லை. எல்லோரும் போன பிறகு ஒரு வாத்தைத் திருப்பி ஸ்டிக்கரைக் கிழித்தாள். ரப்பரை இழுத்தாள். நூறு ரூபாய்ச் சுருள் ஒன்று எட்டிப் பார்த்தது.

"அதைக் கீழ வை" என்றாள் அம்மா ஆதிலட்சுமி. "அது என்னுது."

"உங்களுதா?"

"ஆமா. மாசம் பத்து ரூபா வாங்கிடுவாரு. பொண்டாட்டின்னு ஒரு ரூபா கொறைச்சாரா?"

அன்று கயல்விழி முழுக் கதையையும் கேட்டாள். நாற்பத்து மூன்று பக்கங்களைத் திரும்பப் புரட்டினாள். பிறகு வேலை செய்தாள், ஏனென்றால் அழுவதற்கு அதுதான் அவளுக்குத் தெரிந்த மாற்று. சமையல் தராசில் மிச்சமிருந்த பொம்மைகளை ஒவ்வொன்றாக எடை போட்டாள். வாயில்லாத போலீஸ்காரர்தான் எல்லாவற்றிலும் கனம்.

அவருக்குரியவள் மறுநாள் கொல்லைப் பக்கமாக வந்தாள்.

"போலீஸ்காரரு பத்திரமா இருக்காரா கண்ணு?" என்றாள் ராஜம்மாள். "எம் பொண்ணு துர்காவுக்கு நர்சிங் ரெண்டாம் வருச ஃபீஸு. வெள்ளிக்கிழமை கடைசி நாளு."

"இப்பவே எடுத்துக்குங்க அத்தை."

"எங்கூட்டுக்காரரு பையைத் தொறந்து பாக்கறாரு. காகிதத் தட்டு போடுற மிசினு ஒண்ணு பாத்து வெச்சிருக்காரு, அட்வான்ஸுக்கு அலையறாரு. வியாழக்கிழமை கருமாதி கூட்டத்துல எடுத்துக்கறேன்."

புதன்கிழமை காலை திருமால் வந்தார். கையில் மூன்று ரசீது. மூன்றிலும் கொளஞ்சிநாதன் கையெழுத்து.

"பாப்பா, கணக்குப் பாரு. உங்கப்பா என் வூட்ல மூணு தடவை தேடிட்டாரு. ஒண்ணுமில்ல. ஆனா எம் பொண்டாட்டி உங்கப்பாவுக்கு அழுத அழுவ இருக்குதே, அவ அம்மா செத்தப்பகூட அப்படி அழுவல. அது மனுசனுக்கு அழுத அழுவ இல்ல. பணத்துக்கு அழுத அழுவ."

"அதுக்கு?"

"எல்லார் வூட்லயும் தேடின மனுசன் தேடாத வூடு ஒண்ணே ஒண்ணுதான். இந்த வூடு." நூறு ரூபாய்த் தாளை நீட்டினார். "நீ தேடு. நீ எஞ்சினீயரு. எம் பொண்ணு பொய் எழுத மாட்டான்னு உங்கப்பாவே எங்கிட்ட பெருமையா சொல்லியிருக்காரு. நீ எழுதிக் குடுத்தா நம்பிட்டுப் போறேன்."

பெருமையாகச் சொன்னார் என்பது அவளுக்குப் புதிது. அவள் உள்ளே போய் டார்ச்சையும் கம்பியையும் எடுத்து வந்தாள்.

முறையாகத் தேடினாள். வலது மூலையில் தொடங்கி இடப்பக்கமாக. அரிசி டிரம், பாய்ச் சுருள், சாமி படங்களின் முதுகு. திருமால் டார்ச் பிடித்தார். ஆணியில் அப்பாவின் சட்டை தொங்கியது. பையில் மடித்த பத்து ரூபாய் நோட்டு ஒன்று.

"கெடைச்சுது பாரு, எழுது" என்றார் திருமால்.

"இது கெடைச்சதில்ல மாமா. அங்கதான் இருந்துது." அதே மடிப்போடு திரும்ப வைத்தாள்.

கடைசியாக அலமாரி. ஏழு பொம்மைகள் மிச்சம்.

"இதுங்களை ஒடைச்சுப் பாத்துடலாமா?"

"கருமாதி முடியிற வரைக்கும் எழவு வூட்ல எதையும் ஒடைக்கக் கூடாது தம்பி" என்றாள் ஆதிலட்சுமி அடுப்படியிலிருந்து. அப்படி ஒரு வழக்கம் இருப்பது கயல்விழிக்கு அன்றுதான் தெரியும். ஆதிலட்சுமிக்கும் அன்றுதான் தெரியும்.

கயல்விழி போலீஸ்காரரை எடுத்தாள். நேராகத் திருமாலின் வலது கையில் வைத்தாள்.

"கெட்டியா புடிங்க. இதுதான் மாஸ்டர் பீஸு."

"அப்படின்னா?"

"எங்க கம்பெனியில ஒண்ணை அளவுன்னு வெச்சிப்போம். அதோட மத்ததை ஒப்பிடுவோம். இதைவிடக் கனமா எது இருக்குதோ அதுல பணம்."

இடது கையில் யானையை வைத்தாள். திருமால் கண்ணை மூடிக்கொண்டார். "லேசு." கிளி. "லேசு." வாத்து. "இதுவும் லேசுதான்." ஆறும் முடிந்தது. திருமால் கண்ணைத் திறந்து வலது கையைப் பார்த்தார்.

"இவரு?"

"மாஸ்டரை யாரும் செக் பண்ண மாட்டாங்க மாமா. அப்புறம் அளவுக்கு எங்க போவறது?"

கம்பெனியில் மாஸ்டர் பீஸை வருடத்துக்கு ஒருமுறை வெளி லேபுக்கு அனுப்பிச் சோதிப்பார்கள். அதை அவள் சொல்லவில்லை.

பில் புத்தகத்தில் அடுத்த பக்கம் நாற்பத்து நான்கு. முந்தைய பக்கத்தில் அப்பா அழுத்தி எழுதிய எழுத்துகளின் தடம் அதில் விழுந்திருந்தது. வீடு: கொளஞ்சிநாதன். கண்டுபிடித்தது: பேனா கொஞ்ச நேரம் நின்றது. ஐந்து வருட வேலையில் அவள் கையெழுத்துப் போட்ட எந்தத் தாளிலும் பொய் இல்லை. அப்பாவின் எழுத்துத் தடத்தின் மேலேயே எழுதினாள். ஒன்றுமில்லை. ஸ்டாம்பு மை காய்ந்திருந்தது. வாயால் ஊதி ஊதி அழுத்தினாள்.

திருமால் படித்தார், மடித்தார், மற்ற மூன்றோடு சேர்த்தார். போகவில்லை.

"பாப்பா, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்காத. இந்த மாஸ்டரை நான் எடுத்துக்கட்டுமா? அண்ணன் நெனப்புக்கு."

கயல்விழியின் வாய் போலீஸ்காரரின் வாயைப் போல ஆனது.

"எடுத்துக்குங்க தம்பி" என்றாள் ஆதிலட்சுமி.

அவர் பொம்மையை மார்போடு அணைத்துக்கொண்டு தெருத் திரும்பும் வரை கயல்விழி வாசலில் நின்று பார்த்தாள். பிறகு, "அம்மா, அது துர்கா ஃபீஸு" என்றாள்.

"தெரியும். அவரு வூட்லதான் மூணு தடவை தேடியாச்சே. இனிமே யாரு தேடப் போறா?"

அன்று முழுவதும் கயல்விழி சாப்பிடவில்லை. ஓர் அடி தவறி விழுந்தால் போதும். திருமால் சும்மா தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் போதும். அப்பா எட்டு வருடம் இந்தப் பயத்தோடு எப்படித் தூங்கினார் என்று யோசித்தாள். அவர் நன்றாகவே தூங்கினார்; குறட்டை அடுத்த வீட்டுக்குக் கேட்கும்.

வியாழக்கிழமை கருமாதிக் கூட்டத்தில் ராஜம்மாள் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தலை குனிந்து, மூக்கை உறிஞ்சி, துக்கம் பேசுகிறவளைப் போலப் பேசினாள்.

"டி.வி. மேல வெச்சிருக்காரு. மாஸ்டர் பீஸாம், யாரும் தொடக் கூடாதாம். காலையில கடைக்குப் போனாரு. எடுத்துட்டேன். தொகை முழுசா இருக்குது. துர்கா நாளைக்குக் கட்டிடுவா."

"எடை கொறைஞ்சிருக்குமே அத்தை. தூக்கிப் பாத்தா?"

"நெறையக் கடுகு போட்டு அடைச்சிட்டேன். ஆடாம, சத்தம் வராம."

கயல்விழி சிரித்துவிட்டாள். கூட்டம் திரும்பிப் பார்த்தது. உடனே அழுதாள். அது சரியாகப் போயிற்று.

ராஜம்மாள் அவள் உள்ளங்கையில் ஒரு பத்து ரூபாயை அழுத்தினாள். "இந்த மாச வாடகை."

"பொம்மை உங்க வூட்லதான இருக்குது?"

"பொம்மைக்கு இல்ல. நீ எழுதிக் குடுத்த தாளுக்கு."

எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு கயல்விழி ஆணியில் தொங்கிய சட்டைக்கு முன்னால் நின்றாள். பைக்குள் இருந்த நோட்டைப் போலவே இதையும் நான்காக மடித்தாள். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பையின் பொத்தானைப் போட்டாள்.