ரிதம் பட்டன்

எங்கள் மேடவாக்கம் அபார்ட்மென்ட் செக்ரட்டரியோடு நான் இப்போதும் பேசுவதில்லை. அந்த ஆள் லிஃப்டில் இருந்தால் நான் படியேறிப் போகிறேன்.

பொங்கல் விழாவில் இரண்டு டான்ஸுக்கு நடுவே என்னைக் கீபோர்டு வாசிக்கச் சொன்னதே அவர்தான். நான் ஒரு பரோக் காலத்து சொனாட்டாவை, முந்நூறு வருஷத்துக்கு முந்தைய மேற்கத்திய இசைத்துண்டு ஒன்றை, எடுத்துக்கொண்டேன். ஆபீஸ் விட்டு வந்து மாதக்கணக்காகப் பழகியது. அதில் இரண்டே பாதிதான். ஒவ்வொரு பாதியையும் திரும்ப ஒரு முறை வாசிக்க வேண்டும். திரும்ப வாசிக்கும்போது கமகம் மாதிரி சின்னச் சின்ன அசைவுகளைச் சேர்ப்பதில்தான் வாசிப்பவரின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

முதல் பாதியை முடித்து மறுபடி ஆரம்பித்தேன். முன்வரிசையிலிருந்து செக்ரட்டரி எழுந்து வந்தார்.

"மறந்துபோய் அதே இடத்துல சுத்திட்டு இருக்கீங்க மேடம். டென்ஷன் ஆகாதீங்க, நான் பார்த்துக்கறேன்."

காதருகே சொல்லிவிட்டு, கீபோர்டின் ரிதம் பட்டனை அழுத்தினார். டிரம்ஸ் தானாக அடிக்க ஆரம்பித்தது. அதுவரை போனைத் தடவிக்கொண்டிருந்த கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்து கைதட்டியது. பின்னால் ஒருவன் விசிலடித்தான்.

இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். டிரம்ஸ் மட்டும் ஓடியது. கூட்டம் அதற்கேற்பக் கைதட்டிக்கொண்டே இருந்தது. செக்ரட்டரி என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

"இப்பதான் மேடம் நல்லா வருது."