சிவப்புத் துண்டும் தெம்பனிஸ் மழையும்

வெள்ளிக்கிழமை, காலை 10.30. திருச்சி விமான நிலையத்தில் என் டென்னிஸ் மட்டைகள் இரண்டையும் கையோடு கொண்டுபோகக் கூடாது என்று வாங்கி, பெட்டிகளோடு அனுப்பிவிட்டார்கள். பெற்ற பிள்ளைகளைப் பிரித்த மாதிரி இருந்தது. பக்கத்து இருக்கையில் ஒரு புதுக்கோட்டைத் தம்பி, கப்பல் பட்டறையில் வெல்டர், விடுமுறை முடிந்து திரும்புகிறவர். "வேலைக்கா அக்கா, சுத்திப் பாக்கவா?" என்றார்.

"பரீட்சைக்குத் தம்பி!"

நாற்பத்தோரு வயதில் என்ன பரீட்சை என்று அவர் விழித்தார். விமானம் மேலே ஏறுவதற்குள் முழுக்கதையும் சொல்லிவிட்டேன்; நான் அப்படித்தான், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வராது. திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் பதினாறு வருடமாக டென்னிஸ் கோச். பெயர்தான் கோச், வேலை தற்காலிகம். மே மாதம் தீரும், ஜூனில் புதுப்பித்தால்தான் மறுபடி சம்பளம். சிங்கப்பூரில் ஒரு கல்லூரி அணிக்குக் கோச் வேண்டும் என்று பார்த்து விண்ணப்பித்தேன். வீடியோவில் இரண்டு நேர்காணல் முடிந்துவிட்டது. பாக்கி ஒன்றே ஒன்று: சனிக்கிழமை நான்கிலிருந்து ஐந்து வரை, தெம்பனிஸில், அவர்கள் மாணவர்களுக்கு நான் நேரில் பயிற்சி தர வேண்டும். அதில் தேறினால் நிரந்தர வேலை.

"பட்டையக் கெளப்பிருவீங்கக்கா," என்றார் தம்பி. அவர் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும்.

மாலை 7.00. சாங்கியில் இறங்கி, ரயிலேறி, எக்ஸ்போ நிலையத்தில் ஒருமுறை மாறினால் நேரே லிட்டில் இந்தியா. இரண்டு வெள்ளிச் சொச்சம். இங்கே டாலரை நம் ஆட்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். நிலையத்தை விட்டு வெளியே வந்தால், அடேயப்பா! சிராங்கூன் சாலையில் மல்லிகை வாசம், நகைக்கடை வெளிச்சம், வறுகடலை, தமிழில் அதட்டும் அம்மாக்கள். ஆனால் ஒருத்தர் கூடச் சிவப்பு விளக்கில் சாலையைத் தாண்டவில்லை. திருச்சியைக் குளிப்பாட்டித் தலைவாரி வரிசையில் நிறுத்தியது போலிருந்தது. டன்லப் தெருவில் விடுதி, ஒரு படுக்கை 38 வெள்ளி. மட்டைகளைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினேன்.

சனிக்கிழமை, நண்பகல் 12.30. வாழையிலைச் சாப்பாடு 11 வெள்ளி. ஆடப்போகிறவள் வயிறு முட்டத் தின்னலாமா? தின்றேன். மூன்று மணி ரயிலைப் பிடிப்பதாகத் திட்டம்.

பிற்பகல் 2.50. மழை! வானத்தைக் கிழித்துக்கொண்டு கொட்டியது. கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதைக் கூரைக்கடியில் ஒண்டிக்கொண்டு, சாலை ஆறாக ஓடுவதைப் பார்த்தேன். மனசு விட்டுப்போயிற்று. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என் கதைதான் என்று முணுமுணுத்தேன்.

எங்கள் கல்லூரியில் இருப்பது மண் கோர்ட். மைதானக் காவலர் அந்தோணி விடியற்காலையில் தண்ணீர் தெளித்து, ரோலர் இழுத்து, சுண்ணாம்புக் கோடு போடுவார். மழை பெய்தால் கோர்ட் சேறு. இரண்டு நாளுக்கு ஆட்டம் கிடையாது. அந்தோணி கேட்டில் ஒரு சிவப்புத் துண்டைக் கட்டிவிடுவார். மாணவிகள் தூரத்திலேயே பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். யாரும் யாருக்கும் போன் செய்வதில்லை. மழைக்கும் டென்னிஸுக்கும் பேச்சே இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே பயிற்சி ரத்து என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். நாளைக்கு வைப்பார்கள், அதற்குள் அந்தோணிக்கு ஏதாவது வாங்கலாம் என்று ஒரு துணிக்கடையில் நுழைந்தேன்.

"சிவப்புத் துண்டு இருக்காண்ணே?"

"கோயிலுக்கு மாலை போட்டிருக்கீங்களா?"

"இல்லண்ணே, டென்னிஸ் கோர்ட்டுக்கு."

கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தார். 4.90 வெள்ளி. மழை எப்போதோ விட்டிருந்தது. தேக்கா சந்தைக்குள் போய் ஒரு தேத்தாரிக், அதுதான் இங்கே இழுத்து ஆற்றித் தரும் டீ, வாங்கி, நிதானமாக ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தேன்.

பிற்பகல் 3.52. போன். அணியின் மேலாளர் சாந்தி; இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர், ஊர் வழக்கப்படி பேச்சுக்குப் பேச்சு ஒரு 'லா' போடுகிறவர்.

"கோச், எங்க இருக்கீங்க? ஸ்டூடன்ட்ஸ் வார்ம்-அப் முடிச்சிட்டாங்க."

"மேடம்... மழை?"

"மழை அப்பவே நின்னுடுச்சிலா! கோர்ட்டும் காஞ்சிடுச்சு. நாலு மணிக்கு ஸ்டார்ட் பண்ணணும்!"

ஐயோ! தேத்தாரிக்கை அப்படியே வைத்துவிட்டு, மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சிமெண்டுத் தரை கோர்ட் என்று எனக்குத் தெரியாதா? வீடியோவில் பார்த்தேனே! தெரிந்தும், மழை என்றவுடன் என் மண்டைக்குள் அந்தோணி துண்டைக் கட்டிவிட்டார். டாக்சிக்குப் போகாமல் ரயிலுக்கே ஓடினேன். லிட்டில் இந்தியாவிலிருந்து தெம்பனிஸுக்கு மாறாமல் போகலாம், முப்பத்துமூன்று நிமிடம். அந்த முப்பத்துமூன்று நிமிடமும் நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் ரயில் மெதுவாகப் போகும் என்று ஒரு பயம்.

மாலை 4.36. தெம்பனிஸில் மேலே வந்தால், சாலை நனைந்து பளபளக்கிறது. நான் சுரங்கத்துக்குள் இருந்த நேரத்தில் இங்கே இன்னொரு மழை! கால் தானாக நின்றது. இப்போது நிச்சயம் கலைந்திருப்பார்கள், திரும்பிவிடலாம் என்று பழைய புத்தி சொன்னது. சனியனே, சும்மா இரு என்று அதை அதட்டிவிட்டு ஓடினேன்.

கோர்ட்டில் எட்டு மாணவர்களும் நீள நீள வைப்பர்களால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். சாந்தியும் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு தள்ளினார். பின்னால் பேஸ்லைன் கோட்டு மூலையில் மட்டும் ஒரு பள்ளம். தண்ணீர் அசையாமல் நின்றது. கையில் வேறெதுவும் இல்லை. பையிலிருந்து அந்தோணியின் துண்டை எடுத்து, முட்டி போட்டு, ஒற்றி ஒற்றிப் பிழிந்தேன்.

"ஏன் லேட்டு?" என்றார் சாந்தி. பொய் சொல்ல நேரமில்லை. அதே முட்டி போட்ட நிலையில் மண் கோர்ட்டையும் சிவப்புத் துண்டையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைக் காட்டினார். "4.48. அஞ்சு மணிக்கு அடுத்த புக்கிங். உங்களுக்குப் பன்னெண்டு நிமிஷம் இருக்கு."

ஒரு மணி நேரத்துக்கு நான் எழுதி வைத்திருந்த நான்கு பக்கமும் போயிற்று. ஈரப் பந்து எழும்பாமல் தாழ வழுக்கி வந்தது. எல்லோரும் நிமிர்ந்து நின்றே அடித்து வலையில் போட்டார்கள். போதும், இது ஒன்றைத்தான் சொல்லித் தரப்போகிறேன்! ஹரிணி என்ற பெண்ணுக்கு எதிரே நின்று, பந்தை வேண்டுமென்றே இன்னும் தாழ்வாகப் போட்டேன்.

"முட்டிய மடக்கு! இடுப்ப வளைக்காத, முட்டி!"

"கான்ட் லா கோச், ரொம்ப லோவா வருது!"

"அது மேல வராது கண்ணு. நீதான் கீழ போகணும்!"

ஏழாவது பந்து. மடக்கினாள். பந்து வலைக்கு ஒரு விரல் மேலே பறந்து கோட்டில் விழுந்தது. அவள் போட்ட கூச்சலில் பக்கத்துக் கோர்ட் ஆட்டம் நின்றது. அதன் பிறகு எட்டுப் பேரும் "மீ, கோச், மீ!" என்று வரிசை கட்டினார்கள். நானும் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கக் கத்திக்கொண்டே இருந்தேன். பதினாறு வருடத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் கத்தியதில்லை. ஐந்து மணிக்கு அடுத்த கூட்டம் வந்து கேட்டைத் தட்டியது.

ஞாயிற்றுக்கிழமை, காலை 11.00. சாங்கியில் பெட்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். முதலில் வந்தது அந்தோணியின் குரல் செய்தி. "மிஸ், இங்க நல்ல மழ. துண்டக் கட்டிட்டேன். பழசு கிழிஞ்சே போச்சு மிஸ். நீங்க மெதுவா வாங்க."

அடுத்த நிமிடமே சாந்தியிடமிருந்து செய்தி. "ஹரிணி ஆறு மாசமா முட்டிய மடக்கினதே இல்ல. வேலை உங்களுக்குத்தான் கோச். ஒரே கண்டிஷன்: மழை பெஞ்சாலும் வந்துடணும்லா!"

விமான நிலையம் என்றும் பார்க்காமல் "ஆஹா!" என்று கத்திவிட்டேன். நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும். பிறகுதான் பைக்குள் கை போயிற்று. துண்டு இன்னும் ஈரமாக இருந்தது, ஓரமெல்லாம் அந்தக் கோர்ட்டுத் தரையின் பச்சைச் சாயக் கறை. புதிது ஒன்று வாங்கி வந்திருக்கலாம். ஆனால் அந்தோணிக்கு இதையேதான் கொடுக்கப்போகிறேன். இது எப்படி அழுக்கானது என்று அவர் கேட்பார். அப்போது, இனி ஜூனில் நான் வரமாட்டேன் என்பதையும் சொல்லியாக வேண்டும்.