குதிரையும் குதிரையைப் பிடித்திருந்த கையும்

குதிரையைப் படம் பிடிப்பவனுக்கு லென்ஸைவிட முக்கியம் தடித்த தோல். உதை குதிரையிடமிருந்தும் வரும், குதிரைக்குச் சொந்தக்காரரிடமிருந்தும் வரும். என்னைப் போல கேமரா முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் அலைந்து, "இதுவா என் குதிரை?" என்று ஏச்சு வாங்கிய சகோதரர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்துச் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

யுத்த காலத்தில் அரியலூர் ஸ்டேஷன் ரோட்டில் ஒரு சின்ன ஸ்டுடியோ வைத்திருந்தேன். திருச்சியில் ஒரு ஸ்டுடியோவில் ஏழு வருஷம் படம் பதியும் கண்ணாடி பிளேட்டுகளைக் கழுவிவிட்டு, அங்கே கழித்துப்போட்ட துருத்திக் கேமரா ஒன்றையும் இரண்டு லென்ஸ்களையும் வாங்கிக்கொண்டு வந்தவன் நான். ஒன்று குட்டை லென்ஸ், பக்கத்தில் நின்று எடுக்க. இன்னொன்று நெட்டை லென்ஸ், தள்ளி நின்று எடுக்க. அப்போது பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. கார்களெல்லாம் கொட்டகையில் தூங்க, குதிரைகளுக்கு மறுபடி மவுசு வந்திருந்தது. மவுசு வந்த எதையும் மனிதன் படம் எடுத்து மாட்டாமல் விடுவானா?

ஆனால் நான் குதிரைப் படத்தில் இறங்கியது மவுசுக்காக இல்லை. என் அப்பா சடையன், உடையார்பாளையம் பக்கத்தில் ஒரு பெரிய பண்ணையில் முப்பது வருஷமாகக் குதிரைக்காரர். அந்தப் பண்ணை வீட்டுக் கூடத்தில் வரிசையாகக் குதிரைப் படங்கள் மாட்டியிருக்கும். எங்கள் சனத்துக்குக் கூடத்தில் கால் வைக்க அனுமதி கிடையாது. சன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு படத்திலும் ஓரத்தில் ஒரு கை மட்டும் கடிவாளத்தைப் பிடித்திருக்கும். மணிக்கட்டில் செப்புக் காப்பு. மிச்ச ஆளை வெட்டியிருப்பார்கள். குதிரைக்குக் கீழே அதன் பெயர் எழுதியிருக்கும். கைக்குப் பெயர் கிடையாது. அது யார் கை என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. நான் எடுக்கும் எந்தப் படத்திலும் குதிரையைப் பிடித்திருப்பவர் முழுசாக இருப்பார், அந்தக் கூடத்துச் சுவரிலும் ஒருநாள் அப்பா முழுசாக இருப்பார் என்று முடிவு செய்துகொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அப்பாவே முதல் ஆளாக என்னை அடித்திருப்பார்.

மண்டை பெருத்த குதிரை

முதல் வாடிக்கையாளர் ஸ்டேஷன் வாசலில் ஜட்கா ஓட்டிய காதர் பாய். செம்மண் நிறத்தில் ஒரு மட்டக்குதிரை. அதைப் பிள்ளை மாதிரி வளர்த்தார். படம் எடுத்து வீட்டில் மாட்ட வேண்டும் என்று ஆசை. எனக்கோ அவசரம். குட்டை லென்ஸைப் போட்டு, குதிரையின் மூக்குக்கு ஐந்தடி தூரத்தில் போய் நின்றேன். பக்கத்தில் போனால் குதிரை பெரிதாக விழும் என்று நினைத்தேன். பெரிதாகத்தான் விழுந்தது, தலை மட்டும். குட்டை லென்ஸுக்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அது பூதமாகும். தள்ளி இருப்பது சுருங்கிப் போகும். கழுத்துக்குப் பின்னால் குதிரை தேய்ந்துகொண்டே போய், பின்னங்கால்கள் ஆட்டுக்குட்டியின் கால்களாகிவிட்டன. பிடித்திருந்த பாய் மட்டும் முழுசாக, அழகாக விழுந்திருந்தார்.

பாய் படத்தை வாங்கி, தலைகீழாகப் பார்த்து, நேராகப் பார்த்து, என்னைப் பார்த்தார். "இன்னொரு தடவை எடுக்கிறேன் பாய், நாற்பதடி தள்ளிப் போய், நெட்டை லென்ஸில்" என்றேன். சொன்னபடி எடுத்தும் கொடுத்தேன். அதில் குதிரை குதிரையாகவே இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் அவர் சொன்னதை ஸ்டேஷன் முழுக்க ஒரு மாசம் சொல்லிச் சிரித்தார்கள்: "அல்லா குடுத்த குதிரைய நான் முழுசா கொண்டாந்தேன் தம்பி. பின்பக்கத்த நீ எங்க வெச்சுட்டு வந்தே?"

தலையில்லாத உருவம்

பெரம்பலூரில் ஒரு மண்டிக்காரர் புதிதாக ஒரு பெட்டைக்குதிரை வாங்கியிருந்தார். பெட்ரோலுக்குப் பதில் கரிவாயுவில் ஓடிய பஸ்ஸில் புகையைக் குடித்துக்கொண்டு போய் இறங்கினேன். நெட்டை லென்ஸ், நாற்பதடி தூரம், எல்லாம் சரி. மண்டிக்காரர், "பிடிக்கறவன் படத்துல விழவேண்டாம்" என்றார். "விழுவாருங்க" என்றேன். அவர் முறைக்க, நானும் முறைத்துவிட்டு, கேமராவின் பின்பக்கக் கண்ணாடியில் உருவம் சரியாக விழுகிறதா என்று பார்க்கக் கறுப்புத் துணியைத் தலைமேல் போட்டுக்கொண்டு குனிந்தேன். அவ்வளவுதான், குதிரை கயிற்றை அறுத்துக்கொண்டு துறையூர் ரோட்டில் பறந்தது.

குதிரைக்காரர் முத்தன் பின்னாலேயே ஓடி, ஒரு மணி நேரம் கழித்து அதைத் தடவிக் கொடுத்துக்கொண்டே கூட்டிவந்தார். அதற்குள் எனக்கு ஒரு யோசனை வந்தது. தரையில் ஒரு சுண்ணாம்புக் கல்லை வைத்து, குதிரை வருவதற்கு முன்பே அந்தக் கல் தெளிவாகத் தெரியும்படி லென்ஸைத் திருகி வைத்துவிட்டேன். துணியைச் சுருட்டிப் பைக்குள் போட்டாயிற்று. முத்தன் குதிரையைக் கல்லருகே நிறுத்த, நான் பக்கத்தில் சாதாரண மனிதனாக நின்று ஷட்டரை அழுத்தினேன். படத்தில் முத்தன் முழுசாக விழுந்தார். குதிரை திரும்பி வந்ததே போதும் என்று மண்டிக்காரரும் பணத்தை எண்ணிக் கொடுத்தார். அன்றிலிருந்து இன்றுவரை எனக்குக் கல்தான் துணை. கிளம்பும்போது முத்தன் என் காதருகே வந்து சொன்னார்: "அது ஓடினது தப்பே இல்லீங்க. தலையில்லாம அஞ்சு காலோட ஒண்ணு வந்து நின்னா, சம்பளம் வாங்கற நானே ஓடியிருப்பேன்."

படத்தில் முளைத்த சுழி

குதிரை வாங்குகிறவர்கள் பல்லைப் பார்ப்பதற்கு முன்னால் சுழியைப் பார்ப்பார்கள். உடம்பில் மயிர் எந்த இடத்தில் சுழிக்கிறது என்பதை வைத்து, இது குடும்பத்தை வாழவைக்குமா, கவிழ்க்குமா என்று சொல்லிவிடுவார்கள். கீழப்பழுவூர்க்காரர் ஒருவர் தம்முடைய குதிரையை விற்க நினைத்து, தூரத்தில் இருந்த ஒருவருக்கு அனுப்ப என்னிடம் படம் எடுத்துக்கொண்டார். ஒரு தோஷமும் இல்லாத குதிரை. நானே தடவிப் பார்த்தேன்.

வெயில் ஏறிய பிறகு, லென்ஸின் துவாரத்தை அகலத் திறந்து, ஷட்டரை அது போகும் அதிக வேகத்தில் வைத்து எடுத்தேன். மெதுவாக வைத்தால் ஈ விரட்டும் வால் புகையாகிவிடும். குதிரைக்கு வாலே இல்லை என்பார்கள். வால் அருமையாக விழுந்தது. ஆனால் இருட்டறையில் வேர்த்த கட்டைவிரலால் பிளேட்டைத் தொட்டிருக்கிறேன். ரேகை அப்படியே பதிந்துவிட்டது. குதிரையின் தோளில், எந்த இடத்தில் இருக்கவே கூடாதோ அந்த இடத்தில், வட்டம் வட்டமாக ஒரு சுழி!

அசட்டையில் அதை அப்படியே அனுப்பியும் விட்டேன். வாங்க இருந்தவர் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக என் ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டார். அது என் கட்டைவிரல் என்று மையைத் தடவிக் காகிதத்தில் உருட்டிக் காட்டினேன். குதிரையைக் கொண்டுவரச் சொல்லித் தோளையும் காட்டினேன். அவர் அசையவில்லை. பஸ் ஏறும்போது தீர்ப்புச் சொன்னார்: "நேர்ல இல்லாதது படத்துல இருக்குன்னா, அது ஒளிஞ்சிருக்கற சுழிப்பா. வெளிய தெரியறதவிட அது ரொம்பப் பொல்லாதது."

வெள்ளையன்

கடைசியில் அந்தப் பண்ணையிலிருந்தே ஆள் வந்தது. வழக்கமாக வரும் திருச்சி போட்டோக்காரர் வர முடியவில்லையாம். புதுக்குதிரை வெள்ளையனைப் படம் எடுக்க வேண்டும். பண்ணையார் என்னை ஏற இறங்கப் பார்த்து, "சடையன் மவன்தானடா நீ? இந்தத் தடவை கைகூட விழக்கூடாது. குதிரை மட்டும்" என்றார். அப்பா கொட்டகை ஓரம் தலையைக் குனிந்து நின்றார். முன்பு கையாவது இருந்தது. இப்போது அதுவும் கூடாதாம். எனக்கு உள்ளங்கால் முதல் எரிந்தது.

யுத்தத்தால் பிளேட் கிடைக்காத நேரம். என்னிடம் இருந்தது இரண்டே இரண்டு. முதல் பிளேட்டை அவர் சொன்னபடியே எடுத்தேன். அப்பாவைக் கொட்டகைக்குப் பின்னால் அனுப்பிவிட்டு, வெள்ளையனைக் கம்பத்தில் கட்டினார்கள். அது காதுகளைப் பின்னால் மடித்துக்கொண்டு, அப்பா போன பக்கமே தலையைத் திருப்பித் திருப்பித் தேடியது. குதிரைப் படத்துக்கு உயிர் காதில் இருக்கிறது. இரண்டு காதும் முன்னால் நிமிர்ந்தால்தான் குதிரை. "பார்த்தீங்களா? அவர் நிக்கணும்" என்றேன். பண்ணையார், "முடியாது" என்றார். நான் முக்காலியை மடக்க ஆரம்பித்தேன். பின்னாலிருந்து ஓடி வந்த அப்பா, "டேய், சொன்னதைச் செஞ்சுட்டுப் போடா, எம் பொழப்புல மண்ணைப் போடாத" என்று கெஞ்சினார். எனக்கு அழுகை வந்தது, ஆனாலும் மடக்குவதை நிறுத்தவில்லை.

பண்ணையாருக்குப் படம் வேண்டும். மறுநாள் வேறு யாரும் வரப்போவதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கி வந்தார். நான் வெயில் மேகத்துக்குள் போகும்வரை வேண்டுமென்றே காத்திருந்தேன். சுள்ளென்ற வெயிலில் வெளிச்சத்தை வெள்ளைக் குதிரைக்குச் சரியாக வைத்தால், கறுத்த அப்பா கரிக்கட்டையாகிவிடுவார். அப்பாவுக்குச் சரியாக வைத்தால் குதிரை வெறும் வேட்டியாகிவிடும். மேகத்தில் இரண்டு முகமும் விழும். ஆனால் ஷட்டரை மெதுவாக்க வேண்டும், குதிரை மூச்சுக்கூட விடாமல் நிற்க வேண்டும். அதை நிற்க வைக்க உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் உண்டு. நாற்பதடி தள்ளி நெட்டை லென்ஸோடு நின்று, "அப்பா, அதோட வாய்ப்பக்கம் நெருங்கி நில்லுங்க, மூக்கு உங்க நெஞ்சுமேல இருக்கட்டும்" என்றேன். அப்பா ஏதோ முணுமுணுத்தார். வெள்ளையன் சிலையாக நின்றது. ஷட்டர் விழுந்த சத்தத்தோடு பண்ணையார் சொன்னது இது: "நின்னது நிக்கட்டும். பின்னால வெட்டிக்கலாம்."

கத்தரிக்கோல்

படத்தைக் கழுவி எடுத்ததும் முதலில் அப்பாவிடம்தான் காட்டினேன். தம் முகத்தைப் படத்தில் அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. தம்மைப் பார்க்கவே இல்லை. குதிரையின் குளம்பு, முழங்கால், வால் என்று ஒவ்வொன்றாக விரலை ஓட்டினார். பிறகு மெதுவாக, "காது ரெண்டும் என்னைப் பார்த்துத்தான்டா நிமிந்திருக்கு" என்றார்.

படம் பண்ணைக்குப் போயிற்று. எதையும் அழிக்கவில்லை, வெட்டவில்லை, அட்டையில் ஒட்டி முழுசாக அனுப்பினேன். கீழே இரண்டு பெயர் எழுதினேன்: வெள்ளையன், சடையன். அப்பாவின் வேலை போய்விடுமோ என்று ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. எட்டாம் நாள் பண்ணைக் கணக்குப்பிள்ளை ஸ்டுடியோவுக்குள் வந்து, விசிறியை எடுத்து விசிறிக்கொண்டு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அய்யா கத்தரிக்கோலை எடுத்து மூணு தடவை வெச்சு வெச்சுப் பார்த்தாரு. எங்க வெட்டினாலும் குதிரைக்கு வாய் போயிடுது. கடைசியில அப்படியே கூடத்துல மாட்டச் சொல்லிட்டாருடா."

ஆகையால் சகோதரர்களே, குதிரைக்கு எந்த லென்ஸ், எத்தனை அடி தூரம் என்று யாராவது கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான்: பிடித்திருப்பவர் தலை முதல் கால்வரை விழும் தூரத்தில் நில்லுங்கள், ஆனால் அவருக்கும் குதிரைக்கும் நடுவில் கத்தரிக்கோல் நுழைய மட்டும் இடம் கொடுத்துவிடாதீர்கள்.