கிணற்றுத் தண்ணீருக்கு ஒரு பெர்மிற்

முத்துக்குமாரு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், கம்பஸ் என்று ஊர் சொல்லும் பல்கலைக்கழகத்தில், பதினெட்டு வருஷமாக ஆய்வுகூடச் சிற்றூழியர். போத்தல் கழுவுவார், மேசை துடைப்பார், மாணவர் உடைத்த குழாய்களைப் பொறுக்கி எடுப்பார். காலமை பிள்ளையாரைக் கும்பிட்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசாமல் சைக்கிளில் ஏறமாட்டார். பொய் சொல்லத் தெரியாது. கம்பஸில் அதை ஒரு குறையாகத்தான் எடுத்தார்கள்.

வீடு சுன்னாகத்துக்கு அங்காலை, வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவில். ஒரே மகள் அருந்ததி நெல்லியடியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு ஆவணியில் அவளுக்கு ஆறாம் மாதம். தலைப்பிள்ளைப் பேறு தாய் வீட்டில்தான். அதில் மாற்றுக் கதை இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் விரிவுரையாளர் பஞ்சலிங்கம் கிணறுகளை ஆராயத் தொடங்கினார்.

"முத்துக்குமாரண்ணை, வெங்காயத்துக்குப் போட்ட உரமெல்லாம் கீழை இறங்கிக் கிணத்துக்கை நிக்குது. நைத்திரேற்று எண்டு பேர். பெரிய ஆக்களை ஒண்டும் செய்யாது. பிறந்த குழந்தைக்கு அந்தத் தண்ணியிலை பால்மா கரைச்சுக் குடுத்தால் உதடு நீலம் பாரிச்சுப் போகும்."

"கொதிக்க வைச்சால் சேர்?"

"கொதிக்க வைச்சால் இன்னும் கூடும்."

முத்துக்குமாரு அன்று பின்னேரம் இதை மனைவி பராசக்தியிடம் சொன்னார். அவளுடைய வழியில் பெண்களுக்குத் தாய்ப்பால் குறைவு. அருந்ததியும் பால்மாவில் வளர்ந்தவள்தான்.

"உந்தத் தண்ணியிலைதான் நான் அவளை வளர்த்தனான். இப்ப என்ன புதுக் கதை?"

"அப்ப உரம் இவ்வளவு போடேல்லையப்பா. உரம் போடாத பனங்காணிப் பக்கத்துத் தண்ணி நல்லதா இருக்குமாம்."

பனங்காணிப் பக்கம் என்றதும் பராசக்தியின் முகம் இறுகிவிட்டது. அங்கே ஒரே ஒரு கிணறுதான். அது அவளுடைய தம்பி நடராசாவினுடையது. சீதனக் காணியின் எல்லை வேலி ஒரு முழம் தள்ளி அடைக்கப்பட்டதில் தொடங்கி, ஒன்பது வருஷம் அந்த வீட்டு வாசல் படலையை இவர்கள் மிதிக்கவில்லை.

"கடுதாசியிலை எழுதி வரட்டும்," என்றாள் பராசக்தி. "சும்மா வாய்க் கதைக்கு நான் உவன்ரை வாசலிலை போய் நிக்கமாட்டன்."

ஆக, பிள்ளை பிறக்க முன்னம் ஒரு கடுதாசி வரவேண்டும்.

பஞ்சலிங்கம் பன்னிரண்டு கிணறுகளில் தண்ணீர் எடுத்தார். ஏழாவது முத்துக்குமாருவின் கிணறு. பன்னிரண்டாவது நடராசாவின் கிணறு. அதை எடுக்கும்போது முத்துக்குமாரு ஒழுங்கையில் நின்றுகொண்டார். ஆனால் பரிசோதிக்கும் மருந்து கம்பஸில் இல்லை. சண்டைக் காலம் என்று, பற்றரியோடும் யூரியாவோடும் சேர்த்து அதையும் யாழ்ப்பாணத்துக்குள் விடாமல் அரசாங்கம் தடுத்திருந்தது. மருந்து உள்ளே வராதென்றால் தண்ணீர்தான் வெளியே போகவேண்டும். வெளிநாட்டுக் கம்பஸ் ஒன்று பார்த்துத் தர ஒத்துக்கொண்டது. ஒத்துக்கொண்ட கையோடு, ஆராய்ச்சிக்காரர் எதை எந்த நாட்டுக்கு அனுப்பலாம், எதை அனுப்பக்கூடாது என்ற விதிப்புத்தகம் ஒன்றையும் அனுப்பியது. நாற்பத்திரண்டு பக்கம்.

அதை விளங்கிக்கொள்ள ஒரு குழு அமைக்கப்பட்டது. பஞ்சலிங்கம் தலைவர். நிர்வாகக் கந்தோரில் கோப்புப் பார்க்கும் இராசநாயகம் செயலாளர். தேத்தண்ணி முத்துக்குமாரு. முதல் கூட்டத்தில் முதலாம் பக்கத்தை விளங்கிக்கொண்டார்கள். இரண்டாம் கூட்டத்தில், முதலாம் பக்கத்தைத் தாங்கள் பிழையாக விளங்கியதை விளங்கிக்கொண்டார்கள்.

"சாமான் மட்டுமில்லை," என்றார் இராசநாயகம், கண்ணாடியை ஏற்றிவிட்டு. "எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு விஷயத்தை வெளிநாட்டு ஆளுக்குச் சொன்னாலும் அது ஏற்றுமதிதானாம்."

தேத்தண்ணியை வைத்துக்கொண்டு நின்ற முத்துக்குமாரு கேட்டார்: "அப்ப வாயைத் திறந்தாலே ஏற்றுமதியோ சேர்?"

"ஓம்."

"எங்கடை ஊரிலை அதைக் கோள்மூட்டுறது எண்டு சொல்லுவினம்."

ஒருவரும் சிரிக்கவில்லை. குழுவென்றால் அப்படித்தான்.

மூன்றாம் கூட்டத்தில் படிவம் நிரப்பினார்கள். பொருளின் விஞ்ஞானப் பெயர் வேண்டும் என்றிருந்தது. 'தண்ணீர்' என்று எழுதப் பஞ்சலிங்கத்துக்கு வெட்கமாக இருந்திருக்கவேண்டும். 'நைத்திரேற்றுக் கரைசல், பன்னிரண்டு' என்று எழுதினார். அடுத்த கேள்வி, இந்தப் பொருள் போருக்குப் பயன்படுமா என்பது. 'இல்லை' என்று எழுதினால் அலுவல் முடிந்தது. ஆனால் அவ்வளவு படித்த ஒருவருக்கு வெறும் 'இல்லை' எழுதக் கை வருமா? நெடுநேரம் யோசித்து, 'நேரடியாக இல்லை' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

வெளிநாட்டுக்கு அனுப்புவதற்காகப் போத்தல்களை வவுனியா வரை கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை முத்துக்குமாருவின் தலையில் விழுந்தது. யாழ்ப்பாணத்தை அப்போது வைத்திருந்த இயக்கத்தின் பாஸ் கந்தோரில் மூன்று நாள் காத்திருந்து பாஸ் எடுத்து, கிளாலிக் கடல் தாண்டி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இராணுவத்தின் தடைமுகாம் போய்ச் சேர்ந்தார். அங்கே ஒரு அதிகாரியும், அவருக்குத் தமிழில் கேட்டுச் சொல்ல ஒரு ஆளும் இருந்தார்கள்.

"என்ன இது?"

"தண்ணி ஐயா."

"குடிக்கிற தண்ணியா?"

"அதுதான் தெரியேல்லை ஐயா. அதை அறியத்தான் கொண்டு போறன்."

"அப்ப நஞ்சா?"

"அதுவும் தெரியேல்லை."

வேறு யாரும் என்றால் 'குடிக்கிற தண்ணி' என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். அதிகாரி படிவத்தை வாங்கி வாசித்தார். வெடிமருந்துக்கும் உதவும் நைத்திரேற்றின் பெயர் வந்த இடத்தில் ஒருக்கா நின்றார். 'நேரடியாக இல்லை' என்ற இடத்தில் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"நேரடியாக இல்லையெண்டால் எப்படிப் பயன்படும் எண்டு கேக்கிறார்."

"அது பஞ்சலிங்கம் சேருக்குத்தான் தெரியும் ஐயா."

"யூரியாவை உள்ளுக்குப் போக நாங்கள் விடுறதில்லை. நீங்கள் அதைக் கரைச்சு வெளியிலை கொண்டு வாறீங்களோ எண்டு கேக்கிறார்."

முத்துக்குமாருவுக்கு அந்தக் கேள்வியில் ஒரு நியாயம் இருப்பதாகத்தான் பட்டது. அப்படியே சொல்லியும் விட்டார். ஒரு போத்தலைத் திறந்து குடிக்கச் சொன்னார்கள். ஏழாவதைத் திறந்து ஒரு மிடறு குடித்தார். குடித்தும் விடவில்லை. திருப்பி அனுப்பினார்கள்.

பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்கும்போது, அவருக்குப் பின்னால் நின்ற பெண் ஒருத்தியின் முறை வந்தது. அவளிடம் ஒரு போத்தல் கலங்கல் தண்ணீர். "கோயில் தீர்த்தம்," என்றாள். காவலுக்கு நின்றவன் துவக்கைத் தோளுக்கு மாற்றி, தொப்பியைத் தொட்டு, அவளைப் போகவிட்டான்.

திரும்பி வந்து இதைச் சொன்னதும் இராசநாயகம் நாற்பத்திரண்டு பக்கத்தையும் ஒரே இருப்பில் புரட்டினார். "தீர்த்தத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை! தடை செய்யேல்லை எண்டால் அனுப்பலாம் எண்டுதான் அர்த்தம். தீர்த்தம் எண்டு எழுதி ஒட்டிவிடுவம்."

"பொய் எழுதி, அதுக்குச் சுவாமியைத் துணைக்கு இழுக்க ஏலாது சேர்," என்றார் முத்துக்குமாரு. "கொஞ்சம் பொறுங்கோ. அதை மெய்யாக்கிப் போடுவம்."

அடுத்த வெள்ளிக்கிழமை, புதிதாக நிரப்பிய ஏழாவதோடு பன்னிரண்டு போத்தல்களும் ஊர்ப் பிள்ளையாரின் முன்னால் வரிசையாக நின்றன. குருக்கள் முறை தவறாதவர். மூடிகளைக் கழற்றி, மந்திரம் சொல்லி, ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை திருநீறு, ஒரு சொட்டுச் சந்தனம், ஒரு கிள்ளு அறுகம்புல் போட்டார். போத்தலில் ஒரு துளி சவர்க்காரம் ஒட்டியிருந்தாலே ஆய்வு பிழைக்கும் என்று பதினெட்டு வருஷம் மாணவரை ஏசின முத்துக்குமாரு, கைகூப்பிக் கண் கசிய நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் சுத்தமாகிறது என்றுதான் அவர் மனதில் இருந்தது. வேறொன்றும் தோன்றவில்லை.

இந்த முறை தடைமுகாமில், "தீர்த்தம் ஐயா," என்றார். மெய்யைத்தான் சொன்னார். அதே அதிகாரி ஒரு போத்தலைத் தூக்கிப் பார்த்து, மிதக்கும் புல்லைக் கண்டு, மரியாதையோடு திருப்பி வைத்தார்.

ஐப்பசி முடிவில் வெளிநாட்டிலிருந்து கடிதம் வந்தது. பஞ்சலிங்கம் அதை வாசித்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"சாம்பல், சந்தனம், புல் எண்டு எழுதியிருக்கிறாங்கள் அண்ணை! மாதிரி அசுத்தமாம். ஏற்கமாட்டினமாம். என்ரை ஆராய்ச்சி போச்சு."

முத்துக்குமாருவுக்கு அப்போதுதான் உறைத்தது. பிறகு கேட்டார்: "ஏழாம் நம்பருக்கு ஏதும் எழுதியிருக்கோ சேர்?"

"இருக்கு. அளவுக்கு நாலு மடங்கு. ஆனா அதை எடுக்க ஏலாது."

"பன்னிரண்டாம் நம்பர்?"

"அதிலை இல்லையெண்ட மாதிரித்தான்."

"எல்லாப் போத்தலுக்கும் ஒரே திருநீறுதானே சேர் போட்டது? ஒரு தட்டுச் சந்தனம். அப்ப அந்த நாலு மடங்கு எங்கையிருந்து வந்தது?"

பஞ்சலிங்கம் அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். "நீங்கள் சொல்லுறது சரியா இருக்கலாம் அண்ணை. ஆனா அது விஞ்ஞானமில்லை. நான் அப்பிடி எழுதித் தர ஏலாது. அடுத்த கூட்டத்திலை படிவத்துக்கு ஒரு கேள்வி கூடுதலாச் சேர்ப்பம். மாதிரி ஏதும் சமயத்தினரால் ஆசீர்வதிக்கப்பட்டதா எண்டு. பேந்து திரும்ப அனுப்புவம். ஒரு ஆறு மாசத்துக்குள்ளை பதில் வரும்."

அருந்ததிக்கு ஒன்பதாம் மாதம் தொடங்கியிருந்தது.

முத்துக்குமாரு வீட்டுக்குப் போனார். "கடுதாசி எங்கை?" என்றாள் பராசக்தி. அவர் மறைக்கவில்லை. கடுதாசி இல்லை என்றார். ஏழு என்ன, பன்னிரண்டு என்ன, திருநீறு போட்டது, சந்தனம் போட்டது, சேர் எழுதித் தர மறுத்தது, எல்லாவற்றையும் சொன்னார். பராசக்தி முற்றத்துக் கிணற்றைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு எழும்பி, குடங்களைப் புளி போட்டு மினுக்கினாள். தம்பி வீட்டுக்குப் போவதென்றால் குடமாவது மினுங்கவேண்டாமா?

"நீங்கள் வேலிக் கதை எடுக்கப்படாது, சொல்லிப் போட்டன்."

"நான் எடுக்கேல்லை."

நடராசா படலையடியில் வந்து நின்றார். குடங்களைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார். "என்ன அத்தான், ஒன்பது வருஷத்துக்குப் பிறகு?"

"தண்ணிக்கு வந்தனாங்கள். பிள்ளைக்குக் குடுக்க எங்கடை தண்ணி கூடாதாம்."

"ஆர் சொன்னது? கம்பஸோ?"

"கம்பஸ் சொல்லேல்லை. ஏலாது எண்டிட்டினம். நான்தான் சொல்லுறன்."

நடராசா நாடியைச் சொறிந்தார். "ஒரு நாளைக்கு ரெண்டு குடம். படலையாலை வரவேணும், வேலியாலை ஏறி வரப்படாது. பிள்ளைக்கு நான்தான் முதல் பால் பருக்குவன். சம்மதமோ?"

இந்த விதிகள் முத்துக்குமாருவுக்கு ஒரு தரம் சொன்னதிலேயே விளங்கிவிட்டன. தலையாட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பராசக்தி எப்போதோ படலையால் உள்ளே போய்விட்டிருந்தாள். கிணற்றடியில் மூன்றாவது குடம் நிரம்பிக்கொண்டிருந்தது.