எந்தப் பக்கத்தால் மூன்றாவது வாய்க்கால்?

எனக்குப் போனில் பழைய சண்டைக் கதைகள் பார்க்கிற விசர் ஒன்று இருக்கிறது. மற்ற வீட்டு அம்மாமார் சீரியல் பார்க்கிறார்கள், நீங்கள் மட்டும் ஏன் குதிரையும் பீரங்கியும் பார்க்கிறீர்கள் என்று மகள் கேட்பாள். சீரியலில் யார் யாருக்கு என்ன சொன்னது என்று எல்லாருக்கும் தெரியும், சண்டையில்தான் அது தெரியாமல் போகிறது என்பேன். அம்மா விண்ணாணம் கதைக்கத் தொடங்கிவிட்டா என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விடுவாள்.

நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற ஒரு கதை இருக்கிறது. நூற்றெழுபது வருடத்துக்கு முந்தி வெள்ளைக்காரரும் ருஷ்யரும் அடிபட்டபோது நடந்தது. மலையில் நின்ற தளபதி, எதிரி பீரங்கிகளை இழுத்துக்கொண்டு போகிறான், போய்த் தடு என்று ஒரு துண்டு எழுதிக் கீழே அனுப்பினார். எந்தப் பீரங்கி என்பது மேலே நின்றவருக்குத் தெட்டத் தெளிவாகத் தெரிந்தது. கீழே பள்ளத்தில் நின்றவருக்கு அது தெரியவே தெரியாது. எந்தப் பீரங்கி என்று துண்டு கொண்டு வந்தவனிடம் கேட்க, அவன் கையை வீசிக் காட்டினானாம். குதிரைப்படை பிழையான பள்ளத்தாக்குக்குள் பாய்ந்து அழிந்தது. ஒருவரும் பொய் சொல்லவில்லை, ஒருவரும் துரோகம் செய்யவில்லை. இன்னொரு முறை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். அதை ஏன் கேட்கவில்லை என்பதுதான் எனக்குள் கிடந்து குடைகிற கேள்வி.

இந்த விசர் எனக்கு எங்கிருந்து வந்தது என்று மகளுக்குச் சொன்னதில்லை. யுத்த காலத்தில் நான் இயக்கத்தில் வோக்கிடோக்கி பிடித்தவள். பொறுப்பாளர் சொல்வதை முன்னால் நிற்கிற அணிகளுக்குச் சொல்வதும், அவர்கள் சொல்வதைப் பொறுப்பாளருக்குச் சொல்வதும் என் வேலை. சொன்னதைச் சொன்னபடி சொல்ல வேண்டும், ஒரு சொல் கூட்டவும் கூடாது குறைக்கவும் கூடாது. முதல் நாளே படிப்பித்த பாடம் அது.

அன்றைக்குச் சண்டை நடந்தது நான் பிறந்த இடத்திலேயே. வட்டக்கச்சிக்கு உள்ளே, குளத்தை நம்பி யாழ்ப்பாணத்துச் சனத்தைக் குடியேற்றிய வயல்வெளி. குளத்துக்கும் பெரிய றோட்டுக்கும் நடுவில் ஏழு வாய்க்கால்கள். எங்கள் சனம் எப்போதும் குளத்தடியிலிருந்துதான் எண்ணும். தண்ணீர் அங்கிருந்து வருவதால் முதலாவது அதுதான், வேறு விதமாக எண்ணலாம் என்பதே எங்களுக்குத் தெரியாது. வெளியிலிருந்து வருகிறவர்கள் றோட்டால் வருவார்கள், றோட்டிலிருந்து எண்ணுவார்கள். எங்கள் மூன்றாம் வாய்க்கால் அவர்களுக்கு ஐந்தாவது.

ஆமி றோட்டுப் பக்கத்தால் வந்துகொண்டிருந்தது. எங்கள் இரண்டு அணிகள் முன்னால் நின்றன. வலப்பக்கம் முள்ளியவளையைச் சேர்ந்த ஓர் அண்ணை, தன்னோடு எட்டுப் பேரை வைத்திருந்தார். இடப்பக்கம் ஐந்து பேர், ஐவரும் எங்கள் குடியேற்றத்துப் பெடியள். அதில் ஒருவன் என் தம்பி.

பொறுப்பாளர் அந்தப் பகுதிக்கு வந்து நாலு நாள்தான். வரைபடத்தை விரித்து, மூன்றாம் வாய்க்காலுக்குப் பின்வாங்கி அதில் நிற்கச் சொல்லு, இரண்டு அணியும் அருகருகே நிற்க வேணும் என்றார். சொல்லும்போது அவருடைய விரல் வரைபடத்தில் இருந்தது. நான் கண்டேன். அந்த விரல் றோட்டிலிருந்து மூன்றாவதில் இருந்தது.

வலப்பக்கத்துக்கு முதலில் சொன்னேன், சொன்னதைச் சொன்னபடி. விளங்கிச்சு என்று அந்த அண்ணையின் குரல் வந்தது, உடனே நின்றுவிட்டது. பிறகு இடப்பக்கத்தைக் கூப்பிட்டேன். ஊர்ப் பெடியள், குளத்தால் எண்ணிப் பிழையான இடத்துக்குப் போய்விடுவார்கள், தம்பி தனித்துப் போவான் என்று பயந்தேன். அதனால் பாடத்தை மீறி ஒன்றைக் கூட்டினேன். றோட்டுப் பக்கத்தால மூண்டாவது, குளத்தால இல்லை என்றேன். சரி அக்கா என்று தம்பிதான் பதில் சொன்னான். அதோடு எனக்கு நிம்மதி. வலப்பக்கத்தை மறுபடி கூப்பிட்டு அதையே அவர்களுக்கும் சொல்லியிருக்கலாம். அந்த அண்ணை ஒரு வருடம் எங்கள் ஊரில் நின்றவர், சந்தேகம் இருந்தால் கேட்பார்தானே என்று விட்டுவிட்டேன்.

அவர் கேட்கவில்லை. எட்டுப் பேரையும் கூட்டிக்கொண்டு குளத்துப் பக்கத்து மூன்றாவதுக்குப் போய்விட்டார். தம்பியின் அணி இரண்டு வாய்க்கால் முன்னால் தனித்து நின்றது. திறந்து கிடந்த வலப்பக்கத்தால் ஆமி உள்ளே வந்தது. ஐந்து பேரில் ஒருவரும் திரும்பவில்லை. எட்டுப் பேரும் காயமில்லாமல் வந்தார்கள். விசாரணை வைக்க இருந்த பொறுப்பாளரும் சில நாட்களில் செத்துப்போனார். வரைபடத்தில் விரல் எங்கே இருந்தது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான் மிஞ்சினேன்.

வலப்பக்கத்துக்கு அந்த இரண்டு சொல்லைச் சொல்லியிருந்தால் என் தம்பி இருந்திருப்பான். இதை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருடம் கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்று, வயல் செய்தேன்.

இப்போது நான் எங்கள் கமக்காரர் அமைப்பின் செயலாளர். போன சிறுபோகத்துக்குத் தண்ணீர் பங்கிடக் கூட்டம் வைத்தோம். புதிதாக வந்த பொறியியலாளர், நல்ல பிள்ளை, சுவரில் வரைபடத்தைக் கொளுவிவிட்டுத் திங்கட்கிழமை மூன்றாம் வாய்க்காலுக்குத் தண்ணீர் என்று சொன்னார். கடைசி வாங்கில் இருந்து எப்போதும் தூங்கி வழிகிற ஒரு மனுசன், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, “எந்தப் பக்கத்தால மூண்டாவது, ஐயா? குளத்தாலயோ, றோட்டாலயோ?” என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். பொறியியலாளரும் சிரித்துவிட்டு விரலை வைத்துக் காட்டினார். அவ்வளவுதான். மூச்சு விடுகிற நேரம்கூட இல்லை.

எனக்குக் கூட்டக் குறிப்பு எழுதக் கை ஓடவில்லை. இந்தக் கோதாரி விழுந்த மனுசனுக்குத் தன் நாலு ஏக்கர் நெல்லுக்காகக் கேட்கத் தோன்றியது, எட்டு உயிரை வைத்துக்கொண்டிருந்தவருக்கு ஏன் தோன்றவில்லை? அவர் விளங்காமல் போனாரா, அவசரத்தில் போனாரா, இல்லை நான் சொன்ன விதத்திலேயே ஏதும் இருந்ததா? அந்தக் கிழமை முழுக்க இதுதான். கடைசியில் பரந்தன் சந்தியில் பஸ் பிடித்து முள்ளியவளைக்குப் போனேன். முன்பு ஒரு செத்தவீட்டில் அந்த அண்ணையைக் கண்டபோது வீட்டு அடையாளம் கேட்டு வைத்திருந்தது உதவியது.

அவர் தோட்டத்தில் கச்சான் கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார். தலை நரைத்து, ஆள் பாதியாகியிருந்தார். என்னைக் கண்டதும் முதலில் சிரித்தார், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். மனைவி பிளேன்ரீ கொண்டுவந்து தந்துவிட்டுக் குசினிக்குப் போகும் வரைக்கும் இருவரும் மழையைப் பற்றிக் கதைத்தோம். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. நேரே சொல்லிவிட்டேன்.

“அண்ணை, அண்டைக்குப் பொறுப்பாளர் விரல் வச்சது றோட்டுப் பக்கத்து மூண்டாவதில. நான் கண்டனான். தம்பியாக்களுக்கு அதைச் சொன்னனான். உங்களுக்குச் சொல்லேல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

அவர் கச்சான் செடியொன்றைப் பிடுங்கி, மண்ணைத் தட்டி, அருகில் போட்டார். பிறகு மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். பொறுப்பாளர் றோட்டால் வந்த மனுசன், றோட்டாலதான் எண்ணுவார் என்று அவருக்குத் தெரியுமாம். எங்கள் சனம் குளத்தால் எண்ணுவதும் தெரியுமாம். முன்வாய்க்காலில் நின்றால் ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள் என்று அவருக்குப் பட்டதாம். எட்டுப் பேரும் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்களாம். கட்டளையில் இரண்டு வாய்க்கால் இருந்தது, ஆமிக்குத் தூரத்தில் இருந்ததை எடுத்துக்கொண்டேன் என்றார்.

“பிறகேன் என்னட்டக் கேக்கேல்லை?”

“கேட்டா நீர் சரியாச் சொல்லிப்போடுவீர், தங்கச்சி. அதாலதான் கேக்கேல்லை.”

எனக்குக் கோபம் வந்தது. பிளேன்ரீயை அவர் முகத்தில் ஊற்றலாம் போல இருந்தது. இடப்பக்கம் யார் நின்றது என்று தெரியுமா என்று கேட்டேன். உம்மட தம்பி எண்டும் தெரியும் என்றார், முகத்தைத் திருப்பாமல். அவர்களும் ஊர்ப் பெடியள், குளத்தாலதான் எண்ணுவார்கள், தன்னோடு பின்னுக்கு வந்துவிடுவார்கள் என்று நம்பினாராம். அங்கே போய் அவர்களைத் தேடினாராம், காணவில்லையாம். எட்டுப் பேரிலும் யுத்தம் முடியும்போது மூன்று பேர்தான் மிஞ்சினார்கள் என்றும் சொன்னார். கோபத்துக்குள்ளேயே எனக்கு நிம்மதியும் வந்தது. பிழை என்னுடையது இல்லை, இந்த மனுசன் தெரிந்துதான் செய்தார் என்ற நிம்மதி. அது வந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

அந்த நிம்மதி நான் கோப்பையைக் கீழே வைக்கும் வரைக்கும்தான் இருந்தது. அடுத்து அவர் கேட்டது என்னைக் குத்திக் காட்டுவதற்காக இல்லை. அவரும் என்னைப் போலத்தான், இத்தனை வருடமும் அந்த நாளைக் கிண்டிக் கிளறிப் பார்த்துக்கொண்டிருந்தவர். நான் வந்து சொன்னதில் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்த ஆளைப் போல நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“அப்ப நீர் சொல்லித்தான் அவங்கள் அங்க நிண்டவங்களோ?” என்றார். “நான் இவ்வளவு காலமும் அவங்கள் குளத்தால எண்ணிப் பின்னுக்கு ஏன் வரேல்லை எண்டு யோசிச்சுக்கொண்டிருந்தனான்.”

ஓம் என்றேன்.