டீச்சர் வாய் திறக்காமல் நடத்திய பாடம்

என் மனைவியை நான் டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணத்துக்கு முன்னால் மரியாதைக்காக ஆரம்பித்தது. பிறகு மரியாதை கழன்றுபோய்ப் பழக்கம் மட்டும் நின்றுவிட்டது. அவள் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறாள். நான் நகரப் பேருந்து ஓட்டுகிறேன். எங்கள் வீட்டில் படிப்பு முழுவதையும் அவள் எடுத்துக்கொண்டாள், கோபம் முழுவதையும் நான் எடுத்துக்கொண்டேன். பங்கு பிரித்ததில் இதுவரை தகராறு வந்ததில்லை.

அவள் குரலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் அவள் மாடியில் குடியிருந்தாள், நானும் அக்காவும் கீழ்வீட்டில். இரவு வண்டி ஓட்டிவிட்டு வந்து காலையில் படுத்தால் மேலே டியூஷன் தொடங்கிவிடும். தலையணையால் காதைப் பொத்தினாலும் முக்கோணம், செங்கோணம் என்று ஒவ்வொன்றாக உள்ளே வந்து உட்காரும். ஒருநாள் பொறுக்க முடியாமல் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி மேலே ஏறிப் போனேன். போனவன் போனவன்தான், அதற்கப்புறம் வாரத்துக்கு இரண்டு தடவை ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு ஏறினேன். என் அக்கா, "உனக்கு இப்ப தூக்கம் வரலையா, இல்ல தேவைப்படலையா?" என்று கேட்டாள். கல்யாணத்தை அவளே பேசி முடித்தாள்.

டீச்சரோடு சேர்ந்து அந்தக் கணிதத் துறையும் எனக்கு வாய்த்தது. மாமியார் வீடு மாதிரி அதுவும் ஒரு வீடு. ஒவ்வொரு புதன்கிழமை மதியமும் துறைக் கூட்டம் நடக்கும். யாராவது ஒருவர் ஒரு மணி நேரம் பலகையில் எழுதி விளக்குவார், பிறகு டீ. குடும்பத்தினரும் வரலாம் என்று யாரோ ஒரு காலத்தில் வாய்தவறிச் சொல்லிவிட்டார்கள். அதைப் பிடித்துக்கொண்டு புதன்கிழமை தவறாமல் போகிற ஒரே குடும்பத்தினர் நான்தான். காலை வண்டி முடிந்ததும் குளித்துவிட்டுப் போய்க் கடைசி வரிசையில் உட்காருவேன். ஒரு எழுத்தும் புரியாது. ஆனால் அந்த அறையில் ஒருவர் சொன்னதை இன்னொருவர் உண்மையாகவே கேட்கிறார்கள் என்பது தெரியும். பேருந்தில் அப்படியொன்றை நான் பார்த்ததே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அத்தனை கணக்கு வாத்தியார்கள் கூடியும் டீ கப்பின் எண்ணிக்கை ஒரு புதன்கிழமைகூடச் சரியாக வந்ததில்லை. எப்போதும் இரண்டு பேர் குடித்து முடித்தவரின் கப்பைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். கேக் வெட்டினால் எப்படிச் சமமாக வெட்டுவது என்று விவாதம் ஆரம்பிக்கும், நான் எழுந்து கத்தியை வாங்கினால்தான் ஆளுக்கு ஒரு துண்டு கிடைக்கும்.

துறைத் தலைவருக்கு 'ஆகவே' என்று பெயர். மாணவர்கள் வைத்தது. வாயைத் திறந்தால் முதல் சொல் அதுதான். நல்ல தொப்பையும் அதைவிட நல்ல மனசும் உள்ள மனிதர். "ஆகவே, டீ குடிப்போம்" என்பார். அதற்கு முன்னால் என்ன நடந்தது, எதிலிருந்து அந்த முடிவுக்கு வந்தார் என்று நமக்குத் தெரியாது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது டீச்சருக்குக் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. எடுத்துவிட்டார்கள். பயப்படுகிற மாதிரி எதுவும் இல்லை என்று டாக்டர் சொன்னதும் எனக்கு உயிர் வந்தது. ஆனால் குரலுக்குப் போகிற நரம்பு பாதிக்கப்பட்டிருந்தது. அவள் கண்ணைத் திறந்து என்னிடம் ஏதோ சொன்னாள், வெறும் காற்றுதான் வந்தது. வருமா என்று கேட்டேன். வரலாம், வராமலும் போகலாம், தொண்டையை வருத்தக் கூடாது என்றார் டாக்டர். இதைச் சொல்ல எதற்கு டாக்டர் என்று எனக்கு ஆத்திரம்.

மாதங்கள் போயின. கிசுகிசுப்பு மட்டும் மிஞ்சியது. பக்கத்தில் உட்கார்ந்தால் கேட்கும், மின்விசிறி ஓடினால் கேட்காது. கல்லூரியில் மைக் வைத்துப் பார்த்தார்கள். மூச்சுதான் பெரிதாகக் கேட்டது, பத்து நிமிடத்தில் தொண்டை எரிய ஆரம்பித்துவிட்டது. கல்லூரி முதல்வர் கண்டிப்பான அம்மா, ஆனால் கெட்டவர் இல்லை. "வகுப்பு எடுக்க முடியும்னா எடுங்க. முடியலைன்னா அடுத்த பருவத்திலேர்ந்து தேர்வு அலுவலகத்துல உட்காருங்க. சம்பளம் குறையாது" என்றார்.

சம்பளம் குறையாதுதான். வீட்டுக்கு வந்த டீச்சர் கைப்பையை மேஜையில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். விடைத்தாள் கட்டுகளை எண்ணி அடுக்குவதற்கா இவள் இத்தனை வருடம் பாடம் நடத்தினாள்? நேரே போய் அந்த அம்மாவிடம் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று செருப்பை மாட்டினேன். டீச்சர் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். அதற்குக் குரல் தேவைப்படவில்லை.

அதற்கப்புறம் அவள் எந்தக் கூட்டத்துக்கும் போகவில்லை. நாலு பேர் பேசுகிற இடத்தில் அவள் வாயசைப்பதைப் பார்த்து எல்லோரும் பேச்சை நிறுத்திக் குனிவார்கள், அது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆண்டுதோறும் துறையில் மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து விளையாடுகிற நாள் வந்தது. போகமாட்டேன் என்றாள். "நீ வரலைன்னா நான் மட்டும் போவேன். என்கிட்ட வந்து கணக்கு கேட்டாங்கன்னா உனக்குத்தான் அவமானம்" என்றேன். வந்தாள்.

அன்றைக்கு ஒரு விளையாட்டு. துண்டுக் காகிதத்தில் ஒரு கணிதச் சொல் இருக்கும். எடுத்தவர் வாய் திறக்காமல் நடித்துக் காட்ட வேண்டும், மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். முதலில் வந்த மாணவன் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான். போனவன் போய்க்கொண்டே இருந்தான், திரும்பி வரவில்லை. எல்லோரும் "விடுமுறை" என்று கத்தினார்கள். விடை முடிவிலி.

அடுத்து டீச்சரைப் பிடித்துத் தள்ளினார்கள். காகிதத்தைப் பிரித்துப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு நேராகப் போய் ஆகவே சாரைக் கையைப் பிடித்து நடுவில் கொண்டுவந்து பக்கவாட்டில் நிறுத்தினாள். பலகை ஓரம் கிடந்த நீள அளவுகோலை எடுத்தாள். "வட்டம்" என்றார்கள். இல்லை என்று தலையாட்டினாள். "ஆரம்", "விட்டம்" என்றார்கள். "எடை" என்றான் ஒருவன். அளவுகோலை நிமிர்த்தி, தொப்பையின் முன்னால் ஒரே ஒரு இடத்தில் மட்டும் பட்டும் படாமல் வைத்தாள். புருவத்தைத் தூக்கிக் கூட்டத்தைப் பார்த்தாள். விடைக்குக் கிட்ட வந்தவனைக் கையால் இழுத்தாள், விட்டுத் தூரப் போனவனை விரலால் நிறுத்தினாள். அறை முழுவதும் எழுந்து நின்று "தொடுகோடு" என்று கத்தியது.

"ஆகவே, நான் ஒரு வட்டம்னு நிரூபணமாயிடுச்சு" என்றார் அவர்.

டீச்சர் சிரித்தாள். சத்தம் இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்திருக்கவில்லை. அந்த விளையாட்டில் நடிக்கிறவர் வாய் திறக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் பொதுவான சட்டம். அதனால் அவளை யாரும் பாவம் என்று பார்க்கவில்லை.

மறுநாள் ஆகவே சார் வீட்டுக்கே வந்துவிட்டார். "ஆகவே, வர்ற புதன்கிழமை நீங்கதான் பேசணும். அதாவது பேசாம பேசணும். நேத்து செஞ்ச மாதிரி. முதல்வரையும் கூப்பிடுறேன்."

"விளையாட்டு வேற சார், பாடம் வேற" என்று டீச்சர் கிசுகிசுத்தாள்.

"சரி, வேற வேறயாவே இருக்கட்டும். ரெண்டுக்கும் நீங்கதானே ஆளு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை டீச்சர் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். என் பேப்பரை வாங்கி ஓரம் வைத்தாள். மேஜையில் ஒரு பட்டாணி வைத்தாள். அதைச் சுற்றி மூலையாக மூன்று வைத்தாள். சின்னச் சதுரம். அதற்கு வெளியே அதே மாதிரி ஐந்து வைத்தாள். கொஞ்சம் பெரிய சதுரம். என்னைப் பார்த்தாள்.

"அடுத்து ஏழு வைப்ப" என்றேன்.

பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் என்னை வகுப்பில் வைத்திருந்ததைவிட வெளியே நிறுத்திவைத்ததுதான் அதிகம். அந்த எனக்கு, யாரும் ஒரு வார்த்தை சொல்லாமல், ஏழு என்று தெரிந்துவிட்டது. டீச்சர் ஏழை வைத்தாள், சதுரம் சரியாக வந்தது. ஒன்பது, பதினொன்று என்று நானே எடுத்து வைக்க ஆரம்பித்தேன். பட்டாணி தீர்ந்து போய் அன்றைக்குக் குழம்பில் வெறும் உருளைக்கிழங்கு. எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

புதன்கிழமை வந்தது. முதல்வர் அம்மா எனக்கு இரண்டு இருக்கை தள்ளிக் கடைசி வரிசையிலேயே உட்கார்ந்தார். டீச்சர் பலகையில் 1 என்று எழுதி ஒரு புள்ளி வைத்தாள். 1 + 3 = 4 என்று எழுதி நாலு புள்ளி வைத்தாள். திரும்பிப் பார்த்தாள். அன்றைக்கு அப்படிக் கத்திய அதே ஆட்கள், நோயாளியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் மாதிரி மெல்லத் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முதல்வர் இருக்கிறார், டீச்சருக்கு உடம்பு சரியில்லை, நாம் மரியாதையாக இருப்போம் என்று நினைத்துவிட்டார்கள். கையைத் தூக்கி வாருங்கள் என்று சைகை காட்டினாள். யாரும் வாய் திறக்கவில்லை. அவர்கள் மரியாதையே இவள் வேலைக்கு உலை வைத்துவிடும் போலிருந்தது.

அவள் மறுபடி பலகைப் பக்கம் திரும்பினாள். 1 + 3 + 5 = 8 என்று எழுதினாள்.

கணக்கு ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. பலகையில் தப்பான எண்ணைப் பார்த்துவிட்டால் அவர்களால் சும்மா உட்கார முடியாது. முதலில் இரண்டாவது வரிசையிலிருந்து ஒரு பெண் மெதுவாக "ஒம்பது" என்றாள். உடனே இன்னும் நாலு பேர் சொன்னார்கள். டீச்சர் காதில் கையை வைத்து, என்ன என்று கேட்டாள். அறை முழுவதும் "ஒம்பது" என்றது. அந்தப் பெண்ணிடம் சுண்ணக்கட்டியை நீட்டினாள். அவள் வந்து திருத்திவிட்டுத் திரும்பினால், டீச்சர் விடவில்லை. ஏன் என்று புருவத்தால் கேட்டாள். அந்தப் பெண் புள்ளி வைத்து விளக்க ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தி வேறொருவனைக் கையால் கூப்பிட்டாள். அங்கிருந்து பாடம் எங்கெங்கோ போனது, எனக்குப் புரிந்த இடம் பின்னால் போய்விட்டது. ஆகவே சார் எழுந்து ஒன்று சொல்ல, அவரை நாலு மாணவர்கள் சேர்ந்து மறுக்க, டீச்சர் நடுவில் நின்று ஒருவரை நிறுத்தி ஒருவரைத் தூண்டிக்கொண்டிருந்தாள்.

கதவு தட்டப்பட்டது. பக்கத்து அறையிலிருந்து வேறு துறை ஆசிரியர் ஒருவர் எரிச்சலோடு நின்றார். "பக்கத்துல தேர்வு நடக்குதுங்க. இப்படிக் கத்திக் கத்திப் பாடம் நடத்துறது யாரு?"

எல்லோரும் டீச்சரைக் கைகாட்டினார்கள். அவள் சுண்ணக்கட்டியோடு நின்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசி வரிசையிலிருந்து முதல்வர் அம்மா எழுந்து, "நான் சொல்லிக்கிறேன், நீங்க போங்க" என்று அவரை அனுப்பிவைத்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார் என்றுதான் எனக்குத் தோன்றியது, ஆனால் முடிவு எதுவும் சொல்லவில்லை. திங்கட்கிழமை அறைக்கு வரச் சொன்னார்.

டீ குடிக்கும்போது டீச்சரிடம் கேட்டேன். "அந்த எட்டு, வேணும்னே போட்டதுதானே?"

அவள் என் காதருகே வந்து, "இல்லைங்க. பதட்டத்துல தப்பாவே எழுதிட்டேன். வெளிய சொல்லிடாதீங்க" என்றாள். இப்போது சொல்லிவிட்டேன். வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

பிறகுதான் தெரிந்தது, ஆகவே சார் முதல்வரிடம் முன்பே போயிருக்கிறார். பெரிய வகுப்புகளைத் தான் எடுத்துக்கொள்வதாகவும், சின்ன வகுப்புகளை டீச்சருக்குக் கொடுக்கலாம் என்றும், பலகையில் எழுதுவதை மாணவர்கள் முறைவைத்து வாசிப்பதாகவும் எல்லாவற்றையும் பேசி வைத்திருக்கிறார். மற்ற ஆசிரியர்களும் ஆளுக்கொரு வகுப்பைச் சத்தமில்லாமல் தங்கள் தலையில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எங்களிடம் ஒருவரும் மூச்சு விடவில்லை. கப் எண்ணத் தெரியாதவர்கள் என்று நான் இத்தனை வருடம் கிண்டல் செய்த ஆட்கள் அவர்கள். அந்தத் துறைக்கு நான் நன்றிக்கடன் பட்டவன். சாகும்வரைக்கும் அப்படித்தான்.

திங்கட்கிழமை எனக்கு மாலை வண்டி. நாள் முழுவதும் எந்தச் செய்தியும் இல்லை. கல்லூரி நிறுத்தத்தில் டீச்சர் நின்றுகொண்டிருந்தாள். கூட்டத்தோடு கூட்டமாக முன்வாசலில் ஏறி என் இருக்கைக்குப் பக்கத்தில் வந்து ஏதோ சொன்னாள். இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து மறுபடியும் சொன்னாள். அப்போதும் கேட்கவில்லை. பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

இன்ஜினை அணைத்தேன்.

"என்னாச்சு டிரைவர், வண்டி நின்னு போச்சா?" என்று யாரோ கேட்டார்கள்.

"கொஞ்சம் பேசாம இருங்க. வீட்ல ஏதோ சொல்றாங்க" என்றேன். என்ன நினைத்தார்களோ, வண்டி முழுவதும் அடங்கிவிட்டது.

"நாளைக்கு முதல் வகுப்பு எனக்குத்தான்" என்றாள் டீச்சர்.

தலையை மட்டும் ஆட்டினேன். லாரிக்காரன் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.