மாலை சட்டைக்குள்ளே இருக்கும்

எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்தே கடவுள் கிடையாது. அப்பா கறுப்புச் சட்டைக்காரர். அவர் போன பிறகு அவருடைய சட்டைகள் எனக்குச் சரியாக இருந்தன. கொள்கையும் ஏறக்குறையச் சரியாக இருந்தது. அதனால் வாரத்தில் பாதி நாள் கறுப்பில்தான் வேலைக்குப் போவேன். கார்த்திகை பிறந்தால் எனக்குத் தொல்லை ஆரம்பம். பஸ்ஸில் “சாமி, உக்காருங்க” என்று எழுந்து இடம் கொடுப்பார்கள். ஓட்டலில் “சாமிக்கு வெங்காயம் இல்லாம” என்று சர்வர் உள்ளே குரல் கொடுப்பார். நான் சபரிமலைக்கு மாலை போட்டவன் இல்லையப்பா, இது வேறு கறுப்பு என்று முதலில் எல்லாம் சண்டை போட்டிருக்கிறேன். வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியதும், கிடைக்கிற சீட்டை எதற்கு விடுவது என்று பேசாமல் உட்கார்ந்துவிடுவேன்.

மயிலாப்பூரில் குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி, காது கேட்காதவர்களுக்கு மெஷின் விற்கிற கடையில் எனக்கு வேலை. கடையின் பின்பக்கம் ஒரு கண்ணாடி அறை உண்டு. உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் ஒன்றும் வராது. வருகிறவர்களை அதில் உட்கார வைத்து, சின்னச் சின்ன ஒலிகளை அனுப்பி, கேட்டால் கையைத் தூக்கச் சொல்வோம். ஊருக்கெல்லாம் காது கொடுக்கிற வேலை என்று என் மனைவி கேலி செய்வாள்.

எனக்குச் சர்க்கரை உண்டு, தினமும் ஊசி. ஊசி போட்டால் உடனே சாப்பிட வேண்டும். அன்றைக்கு ஊசி போட்டுக்கொண்டு டப்பாவைத் திறந்தேன், ஒரு பெரியவர் புது மெஷின் காதுக்குள் கூவுகிறது என்று சண்டைக்கு வந்துவிட்டார். அவரைச் சமாதானப்படுத்துவதற்குள் அடுத்தவர், அப்புறம் இன்னொருவர். இரண்டு வாய் தயிர் சாதத்தோடு டப்பா மூடிக்கொண்டது. சாயங்காலம் கடையை விட்டு லஸ் பக்கம் பஸ்ஸுக்கு நடந்தபோதே உதடு மரத்திருந்தது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று என் பிடிவாதம் சொன்னது.

பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால், சுவரோரம் ஒருவன் கிடந்தான். கட்டம் போட்ட லுங்கி, கிழிந்த பனியன், பக்கத்தில் வாந்தி. ஒரு புளித்த வாசனை. சாயங்காலமே ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்துக் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டேன். தள்ளி நிற்கலாம் என்று காலை எடுத்தேன். எடுத்த கால் தரையில் படவில்லை.

விழுந்தது நினைவில்லை, விழுந்தபின் எல்லாம் நினைவிருக்கிறது. என் கன்னம் சிமெண்டுத் தரையில் இருந்தது. செருப்பு இரண்டும் எங்கேயோ. எனக்கு நேரே ஒரு முழம் தள்ளி அவன் முகம். கண் திறந்திருந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

நின்றபோது குடிகாரனாகத் தெரிந்த அந்த ஆளைக் கிடந்தபடி பார்த்தால் வேறு ஆளாக இருந்தார். குடித்தவன் கண் அலையும். அவர் கண் அலையவில்லை. நிறைய தூரம் ஓடி வந்தவர்போல இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அந்த மூச்சு என் முகத்தில் பட்டது. அதில் இருந்தது சாராய வாடை இல்லை, அளவுக்கு மீறிப் பழுத்த பழத்தின் வாடை. அவர் உதடு அசைந்தது. என் உதடு அதுகூட அசையவில்லை. காது மட்டும் துல்லியமாகக் கேட்டது. கண்ணாடி அறையில் உட்கார்ந்தவனுக்குக் கேட்பதுபோல ஒவ்வொரு குரலும் தனித்தனியாகக் கேட்டது.

“ஐயையோ, சாமி வியுந்துட்டாரு பாரு!” அது பஸ் ஸ்டாப்பை ஒட்டிப் பூக்கட்டுகிற அம்மா.

“விரதம் இருந்துண்டு வெயில்ல அலைஞ்சிருப்பார், பாவம். ஆத்துல யார் தேடிண்டு இருக்காளோ” என்றது ஒரு மாமியின் குரல்.

பல் பிடுங்கி வீங்கின கன்னம் என்று பத்து நாளாக நான் சவரம் செய்யவில்லை. கறுப்புச் சட்டை, தாடி, வெறுங்கால். வேறென்ன வேண்டும்? என்னைச் சுற்றிக் கால்கள் சேர்ந்தன. யாரோ தலையைத் தூக்கி மடியில் வைத்தார்கள். பூக்கட்டுகிற அம்மா முகத்தில் தண்ணீர் தெளித்தார். யாரோ விசிறினார்கள். என் நெற்றியில் விபூதி பூசினார்கள், கொஞ்சம் கண்ணில் விழுந்து எரிந்தது.

“மாலையக் காணோமே?” என்று ஒரு ஆண் குரல் கேட்டது. சந்தேகப் பேர்வழி.

“சட்டைக்குள்ள இருக்கும்” என்றது இன்னொரு குரல், பார்த்ததுபோல.

எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. சட்டைக்குள்ளே இரண்டு ஓட்டை விழுந்த பனியன்தான் இருந்தது. யாராவது பொத்தானைக் கழற்றிப் பார்த்தால் இந்தக் கைகளெல்லாம் விலகிவிடும் என்று தோன்றியது. யாரும் கழற்றக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். யாரிடம் என்று கேட்காதீர்கள்.

ஆட்டோ வந்தது. டிரைவர் இறங்கி, “ரெண்டு பேர் கெடக்கறாங்களே நைனா?” என்றார்.

“அது குடிகாரன்பா. மத்யானத்துலேந்து அங்கியேதான் கெடக்கறான். நீ சாமியத் தூக்கு.”

மத்தியானத்திலிருந்து என்றால், வந்து போன ஒவ்வொரு பஸ்ஸின் ஆட்களும் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு அவர் காதுபட ஏதோ சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவருக்கும் எல்லாம் கேட்டிருக்கும். அந்தக் கண் என்னை விட்டு நகரவே இல்லை. இவனையாவது எடுக்கிறார்களே என்ற பொறாமைகூட அதில் இல்லை. இவர் குடிக்கவில்லை என்று நான் சொல்லுவேன் எனக் காத்திருந்தார். எழுந்தவுடன் நான் சொல்லிவிடுவேன் என்று நம்பினார்.

வாய் வரவில்லை. உடம்பில் மிச்சமிருந்த தெம்பையெல்லாம் வலது கைக்கு அனுப்பினேன். கை மெதுவாக நகர்ந்தது. அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். நாடி தறிகெட்டு அடித்துக்கொண்டிருந்தது. நான் விடவில்லை. இப்போது தூக்கினால் இருவரையும் சேர்த்துத்தான் தூக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு நிம்மதி.

“பாருய்யா, சாமி கையப் புடிச்சிக்கினு கீறான்!”

“டேய், விடுறா! கைய எடுறா நாயே!”

ஒரு செருப்புக்கால் அவர் தோளில் விழுந்தது. நான் இன்னும் இறுக்கினேன். நான் இறுக்க இறுக்க அவருக்கு அடி விழுந்தது. குடிகாரனுக்கு இவ்வளவு பலமா என்று யாரோ ஆச்சரியப்பட்டார்கள். நான்கைந்து பேர் குனிந்து விரல் விரலாகப் பிரித்தார்கள். அவர்கள் பிரித்தது என் விரல்களை. அது ஒருவருக்கும் தெரியவில்லை, அவருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது. என்னைத் தூக்கி ஆட்டோவில் வைத்தபோது கடைசியாகப் பார்த்தேன். அவருடைய கை தரையில் மல்லாந்து கிடந்தது, திறந்தபடி.

அபிராமபுரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் நாக்கு அசைந்தது. மனைவி வந்திருந்தாள், என் நெற்றி விபூதியைப் பார்த்துத் திகைத்து நின்றாள். நான் முதலில் சொன்னது, “அங்க இன்னொருத்தர் இருக்கார்.” டாக்டர் ஒரு சின்னப் பெண், ஓய்வெடுங்கள் சார் என்றார். நான் விடாமல் அந்த மூச்சையும் பழ வாடையையும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

“அது சரக்கு இல்ல சார். சுகர் ரொம்ப ஏறினா மூச்சு அப்படித்தான் இழுக்கும், அந்த வாடைதான் வரும். உங்களுக்கு இறங்கிடுச்சு. அவருக்கு ஏறியிருக்கு.”

ஒரே வியாதி. டாக்டர் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். மனைவி ஆட்டோ பிடித்து ஓடினாள். நான் கையில் ஊசியோடு கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். திரும்பி வந்தவள் கட்டிலில் உட்கார்ந்து, “ஏங்க, அங்க யாரும் இல்லைங்க. தண்ணி ஊத்திக் கழுவி விட்டிருக்காங்க” என்றாள். எழுந்து போயிருப்பார் என்று சேர்த்துச் சொன்னாள். என்னைத் தேற்றத்தான் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து நானே போனேன். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை. பூக்கட்டுகிற அம்மா அதே இடத்தில் இருந்தார். இங்கே ஒருவர் கிடந்தாரே, லுங்கி கட்டிக்கொண்டு என்று கேட்டேன்.

“அந்தக் குடிகாரனா? அன்னிக்கே போய்ட்டான் நைனா. போலீஸ் வண்டி வந்து எடுத்துக்கினு போச்சு.”

“எங்க எடுத்துட்டுப் போனாங்க?”

“ஆருக்குத் தெரியும்? கேக்க ஆள் இல்ல.” பூவைத் தொடுத்துக்கொண்டே தொடர்ந்தார். “அன்னிக்குப் பாரு, ஒரு சாமி மயக்கம் போட்டு வியுந்துட்டாரு. இந்தப் பாவி அவரு கையப் புடிச்சிக்கினு வுடவே இல்ல. சாவறப்ப சாமியையும் இட்டுக்கினு போவப் பாத்தான்.”

“நான்தாம்மா அது.”

நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். எனக்குத் தண்ணீர் தெளித்த கை அது. என் தலை இருந்தது அவர் மடியாகக்கூட இருக்கலாம்.

“போ நைனா, வெளாடாத. அவரு நெத்தி நெறய பட்டை, கயுத்துல மணி மணியா தொளசி மாலை. நான் பாத்தேனே.”

அவர் பொய் சொல்லவில்லை. மாலையை அவர் நிஜமாகவே பார்த்திருந்தார். அந்த ஆளின் கை என்னைப் பிடித்திருந்ததையும் அவர் அப்படியேதான் பார்த்திருந்தார். நல்ல மனுஷி. என்னைப் பிழைக்க வைத்தவர்களில் ஒருவர். எனக்கு அவர்மேல் வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல், ஒரு முழம் பூ வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வெள்ளைச் சட்டையோடு அன்றைக்கு நான் விழுந்திருந்தால் அந்தச் சந்தேகப் பேர்வழி பொத்தானைக் கழற்றியிருப்பாரா, என்ன தேடியிருப்பார் என்று வழியெல்லாம் யோசனை.

அதற்குப் பிறகு கண்ணாடி அறை எனக்குப் பிடிக்காமல் போனது. வாரத்துக்கு ஒருமுறை உள்ளே உட்கார்ந்து கருவியைச் சரிபார்க்க வேண்டும். கதவைச் சாத்தியதும் அந்த மூச்சு வரும். இழுத்து இழுத்து, முகத்துக்கு மிக அருகில். என் மூச்சுதான் அது என்று புத்தி சொல்லும். மூச்சை அடக்கிப் பார்ப்பேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது நிற்கும். கடையில் யாரிடமும் இதைச் சொன்னதில்லை. காது மெஷின் விற்கிறவனுக்கு இல்லாத சத்தம் கேட்கிறது என்றால் வியாபாரம் என்ன ஆவது?

அடுத்த கார்த்திகையில், மாட வீதியில் ஒரு பூஜைச் சாமான் கடை வாசலில் நின்றேன். அப்பா பார்த்தால் பேச்சையே நிறுத்தியிருப்பார். ஒரு துளசி மாலை வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். மனைவி துணி துவைக்கும்போது எடுத்து மேசைமேல் வைத்தாள். நான் போட்டுக்கொள்ள வாங்கியது இல்லை என்று அவளுக்குப் புரிந்திருந்தது.

அதற்கு வேலை வந்தது அடையாறில். சிக்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு செருப்புக் கடை வாசலில் ஆள் கிடந்தார். லுங்கி, அழுக்குச் சட்டை. கடைக்குள் போகிறவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். குடித்திருந்தாரா என்று நான் முகர்ந்து பார்க்கவில்லை. நடைபாதையில் மண்டியிட்டேன். பையிலிருந்த மாலையை எடுத்து அவர் தலையைத் தூக்கிக் கழுத்தில் போட்டேன், மணிகள் வெளியே தெரிகிற மாதிரி. அவர் கண்ணைத் திறந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தொண்டை கிழியக் கத்தினேன்.

“சாமி விழுந்துட்டாரு! சாமி!”

எங்கிருந்துதான் வந்தார்களோ. தண்ணீர் வந்தது, விசிறி வந்தது. கடைக்காரரே ஓடிவந்து தலைக்குக் கீழே துணி வைத்தார். சற்று முன் அவரைச் சுற்றிக்கொண்டு போன ஒரு பெண் குனிந்து அவர் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஆட்டோ ஒன்று தானாக நின்றது. இவ்வளவு பேரும் இவ்வளவு நேரமும் பக்கத்திலேயேதான் இருந்திருக்கிறார்கள்.

நான்கு பேர் தூக்கினார்கள். அன்றைக்கு நான் வெள்ளைச் சட்டையில் இருந்தேன். ஒருவர் எங்கள் கைகளைப் பார்த்துவிட்டு என் விரல்களைப் பிரிக்கக் குனிந்தார்.

“சாமி உங்கள கெட்டியா புடிச்சிருக்காரு சார், இருங்க, எடுத்து விடறேன்.”

“அவர் பிடிக்கலைங்க” என்றேன். “நான்தான் பிடிச்சிருக்கேன்.”

பிடித்த கையோடு ஆட்டோவில் ஏறிக்கொண்டேன்.